முழுப் பூசணிக்காயும் நூறு பக்கங்களும்

(கிளை நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, பல அலுவல்களுக்கிடையே நேரம் ஒதுக்கி வந்து முன்னிலை வகிக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, பணிநேரம் முடிந்த பின்னும் வீட்டுக்குப் போகாமல் இந்த ஒலிபெருக்கியோடு போராடிக்கொண்டிருந்த நல்நூலகர் அவர்களே, இன்றைய சுண்டலுக்கும் தேநீருக்கும் பொறுப்பேற்ற புரவலர் பெருமக்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வார்டு உறுப்பினர் அவர்களே, வாசக நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். வரவேற்புரை ஆற்றிய தமிழாசிரியை அம்மையார் என்னைப் பற்றிச் சொன்னவற்றில் பாதியைக் கழித்துவிட்டு மீதியை நம்பலாம். நான் எழுத்தாளன் அல்லன், ஆர்.எம்.எஸ். என்ற இரயில்வே அஞ்சல் பிரிப்பு அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கடிதம் பிரித்து ஓய்வுபெற்றவன். இந்தத் தகுதியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் என் மானத்தை வாங்கப் போவதே அதுதான்.

வயது வந்தோருக்கான கொலைப் புதிர் நூல்கள் என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. இவற்றின் வரலாறு, இவை இயங்கும் விதம், இவற்றைத் தமிழில் எழுதுவது எப்படி என்று மூன்று பகுதிகளாகப் பேச எண்ணியிருக்கிறேன். மாடியில் பூட்டிக் கிடக்கும் அறையைப் பற்றி நான் பேச மாட்டேன் என்று தலைவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் மேடை ஏறினேன், முடிந்தவரை காப்பாற்றுகிறேன்.

'முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா' என்று நம் வீடுகளில் கேட்பார்கள். முடியும் என்று காட்டுவதே இந்தக் கலை. துப்பறியும் கதையில் கொலையாளியைத் துப்பறிவாளர் கண்டுபிடிக்கிறார், நாம் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறோம். புதிர் நூலில் அந்தத் துப்பறிவாளரே இல்லை. தடயங்களை நம் இலையில் பரிமாறிவிட்டு ஆசிரியர் கையைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறார். பூசணிக்காய் அந்த இலையிலேதான் இருக்கிறது, வேறெங்கும் இல்லை. இந்த நேர்மைதான் இதன் முதல் இலக்கணம். 1929ஆம் ஆண்டு ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார், அவரும் துப்பறியும் கதை எழுதியவர்தான், இவ்வகைக் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகளை வகுத்தார். துப்பறிவாளர் தாம் கண்ட தடயத்தை வாசகரிடம் மறைக்கலாகாது என்பது அவற்றுள் ஒன்று. ஒரு கதையில் ஒன்றுக்கு மேற்பட்ட இரகசிய அறை கூடாது என்பது மற்றொன்று. நம் நூலகம் அந்தக் கட்டளையை மீறவில்லை. நம்மிடம் ஒரே ஓர் இரகசிய அறைதான் இருக்கிறது. தலைவர் அவர்கள் மன்னிக்க வேண்டும், வாய் தவறி வந்துவிட்டது.

வரலாற்றுக்கு வருகிறேன். இங்கிலாந்தில் 1930களில் இந்த விளையாட்டு உச்சத்தில் இருந்தது. 1936இல் டென்னிஸ் வீட்லி என்ற நாவலாசிரியர், ஜே.ஜி. லிங்க்ஸ் என்ற நண்பரோடு சேர்ந்து, மயாமிக் கடலில் ஒரு சொகுசுப் படகில் நடக்கும் கொலையை நூலாக வெளியிட்டார். அதை நூல் என்பதைவிடக் காவல் நிலையக் கோப்பு என்பதே பொருந்தும். தந்திகள், வாக்குமூலங்கள், புகைப்படங்கள், இவற்றோடு இரத்தக் கறை படிந்த திரைச்சீலைத் துண்டு ஒன்று, தலைமுடிக் கற்றை ஒன்று, எரிந்த தீக்குச்சி ஒன்று என எல்லாவற்றையும் பக்கங்களுக்கு இடையே உண்மையாகவே வைத்து விற்றார்கள். விடை இருந்த கடைசிப் பகுதி முத்திரையிட்டு மூடப்பட்டிருந்தது. பிரிக்காமல் எத்தனை பேர் தாக்குப்பிடித்தார்களோ! லிங்க்ஸ் விலங்குரோம ஆடை வணிகர். முடியைப் பற்றி அவருக்குத் தெரியாதது இருந்திருக்காது.

ஆனால் என் தலையில் ஏறி உட்கார்ந்திருப்பது அதற்கு இரண்டாண்டு முன் வந்த நூல். எட்வர்ட் பவிஸ் மேதர்ஸ் என்பவர் 1892இல் பிறந்தவர், ஆயிரத்தொரு இரவுகள் கதைகளை ஆங்கிலத்தில் தந்தவர், 'அப்சர்வர்' இதழுக்குக் குறுக்கெழுத்துப் புதிர் அமைத்தவர். புதிர் அமைப்பதற்கு அவர் சூட்டிக்கொண்ட புனைபெயர் டார்க்கமாடா. ஸ்பெயின் நாட்டு மதவிசாரணைகளில் கொடுமைக்குப் பேர்போன தலைமை விசாரகரின் பெயர் அது. வாசகரை வதைப்பதே தொழில் என்பதை அவர் மறைத்ததில்லை. அவர் 1934இல் 'கெய்ன்ஸ் ஜாபோன்', அதாவது காயீனின் தாடையெலும்பு, என்ற சிறு நாவலை வெளியிட்டார். நூறு பக்கம், ஆறு கொலை. பக்கங்கள் வரிசை மாறி அச்சாகிவிட்டன, இது ஒரு விபத்து என்று முன்னுரையில் முகத்தைச் சுளிக்காமல் எழுதிவைத்தார். பக்க எண்களும் அந்தக் கலைந்த வரிசைக்கே உரியவை. ஒவ்வொரு பக்கமும் முழு வாக்கியத்தில் முடிவதால், அறுந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கத்தைத் தேடவும் வழியில்லை. பக்கங்களை ஒழுங்குபடுத்தி, கொல்லப்பட்ட அறுவரையும் கொன்றவர்களையும் சொல்பவருக்குப் 15 பவுண்டு பரிசு அறிவித்தார்கள். நூறு பக்கங்களை அடுக்கக்கூடிய வழிகளின் எண்ணிக்கையை எழுதினால் 158 இலக்கம் வரும். அவற்றில் சரியானது ஒன்றே ஒன்று. 1935இல் இருவர் அதைக் கண்டுபிடித்தார்கள். 2019இல் அந்நூல் நூறு அட்டைகள் கொண்ட பெட்டியாக மறுபதிப்புக் கண்டு, 1,000 பவுண்டு பரிசும் அறிவிக்கப்பட்டபோது, ஜான் ஃபினமோர் என்ற நகைச்சுவை எழுத்தாளர் ஊரடங்கு நாள்களில் வீட்டில் அடைந்து கிடந்து விடுவித்தார். இவ்வளவுக்குப் பிறகும் விடை அச்சில் வெளியிடப்படவில்லை. முழுப் பூசணிக்காய், தொண்ணூறு ஆண்டுச் சோறு!

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. அதே 1892இல்தான் நம் சீர்காழியில் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். இரங்கநாதன் பிறந்தார். உலகத்து நூல்களையெல்லாம் ஒழுங்காக அடுக்குவதற்கு அவர் கோலன் பகுப்புமுறையை வெளியிட்டது 1933இல். அடுத்த ஆண்டே, அவர் வயதொத்த ஆங்கிலேயர் ஒருவர், ஒரே ஒரு நூலின் பக்கங்களைக் கலைத்துப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார். இருவரும் சந்தித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. ஏழாவது கொலை நடந்திருக்கலாம்.

இலண்டனில் இருக்கும் என் தங்கை மகன் அந்தப் பெட்டியை எனக்கு அனுப்பிவைத்தான். முப்பத்திரண்டு ஆண்டுகள் கடிதம் பிரித்த கைக்கு நூறு அட்டை ஒரு பொருட்டா என்ற இறுமாப்போடு, கூடத்து நாற்காலிகளைத் திண்ணைக்குத் தள்ளிவிட்டு, தரை முழுவதும் அட்டைகளைப் பரப்பினேன். மின்விசிறி போட்டால் பறக்கும். ஆகவே சித்திரை வெயிலில் விசிறி கிடையாது. என் இல்லாள் அடுக்களைக்குப் போவதற்குச் சுவரை ஒட்டி ஒற்றையடிப் பாதை ஒன்று விட்டிருந்தேன். எதிர்வீட்டுக் கணக்கு ஆசிரியர் மாலையில் வருவார், நான் பேனாவும் அவர் பென்சிலுமாகச் சண்டை போடுவோம். ஒரு பக்கத்தில் சொல்லப்பட்ட பூவை வைத்து மாதத்தைத் தீர்மானிக்கப் பார்த்து மூன்று நாள் பேசாமல் இருந்தோம். பிறகு அவரே இட்லி எடுத்துக்கொண்டு வந்தார். இப்படி ஐந்து வாரம். என்னென்னவோ செய்து இருபத்திரண்டு அட்டைகளை, சரியென்று நாங்கள் இருவரும் ஒத்துக்கொண்ட வரிசையில், சன்னலோரம் கோத்துவைத்திருந்தோம்.

அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து என் அக்கா வந்தார். வயது எழுபத்தாறு; கீழே ஒரு துரும்பு கிடந்தாலும் பொறுக்கமாட்டார். நான் ஓய்வூதிய வேலையாக வங்கிக்குப் போய்விட்டு நண்பகலில் திரும்பினேன். கூடம் பளிச்சென்று கழுவிவிடப்பட்டிருந்தது. நாற்காலிகள் உள்ளே வந்திருந்தன. மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தது. எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. "அக்கா, இங்கே கிடந்த அட்டையெல்லாம் எங்கே?" என்றேன். அக்கா மடிப்புக் கலையாத அட்டைக் கட்டு ஒன்றை என் கையில் கொடுத்தார், சணல் போட்டுக் கட்டியிருந்தது. "ஏன்டா தம்பி, கீழேதான் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்டிருக்கானே, அதைப் பார்த்து அடுக்க உங்க ரெண்டு பேருக்கும் அஞ்சு வாரமா? ஒண்ணுலேருந்து நூறு வரைக்கும் பத்தே நிமிஷத்துல அடுக்கிட்டேன். நீ எப்படிடா தபால் ஆபீஸ்ல குப்பை கொட்டினே?" என்று கேட்டார்.

கணக்கு ஆசிரியர் அன்று மாலை வந்து கட்டைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் கதை அங்கே முடியவில்லை. இது எதற்கு என்று அக்கா கேட்டார், சொன்னோம். ஓர் அட்டையைப் படித்துத் தமிழில் சொல்லச் சொன்னார், சொன்னோம். இன்னொன்றையும் கேட்டார். அரைமணி நேரம் கழித்து, "இதைப் பேசுறவனும் அதைப் பேசுறவனும் ஒரே ஆளுன்னு யார் சொன்னா உங்களுக்கு? இவன் பேச்சு வேற மாதிரி இருக்கே" என்றார். நாங்கள் ஐந்து வாரமாகக் கதைசொல்லி ஒருவரே என்று வைத்துக்கொண்டிருந்தோம். பூசணிக்காய் எங்கள் மூக்குக்கு நேரே இருந்திருக்கிறது. அக்கா ஒரு மாதம் தங்குவதாக வந்தவர், மூன்று மாதம் தங்கினார். புதிர் இன்னும் முடியவில்லை. ஆனால் எங்கள் வீட்டுக் கூடம் நால்வருக்கு மேல் கொள்ளாது என்பதும், கழுவாமல் ஓராண்டு போட்டுவைக்க முடியாது என்பதும் அன்றைக்கே தீர்மானமாகிவிட்டன.

சபையோர் சிரித்தது போதும், இரண்டாம் பகுதிக்கு வருகிறேன். எல்லாப் புதிர்களும் இவ்வளவு கொடுமையானவை அல்ல. பெரும்பாலானவை கட்டம் போட்டு விடுவிக்கக்கூடியவை: யார், எதனால், எங்கே. பர்மிங்காம் நகரில் ஆன்டணி பிராட் என்ற இசைக்கலைஞர் போர்க்காலத்தில் யோசித்து, 1949இல் விற்பனைக்கு வந்த 'க்ளூடோ' பலகை விளையாட்டு இந்த மூன்று கேள்விகளால் ஆனதுதான். ஆறு பேர், ஆறு ஆயுதம், ஒன்பது அறை, ஆக 324 விடைகள், அவற்றில் 323ஐத் தள்ளிவிட்டால் கொலையாளி அகப்படுவான். ஜி.டி. கார்பர் என்ற அமெரிக்கர் இணையத்தில் நாளொரு கொலையாகத் தந்து பிறகு நூலாக்கிய 'மர்டில்' இதே கட்டமுறைதான். 2023 கிறிஸ்துமஸ் வாரத்தில் பிரிட்டனில் மிக அதிகமாக விற்ற நூல் நாவலும் அல்ல, அரசியல்வாதியின் தன்வரலாறும் அல்ல, அந்தப் புதிர் நூல்தான்.

எப்படி என்று காட்ட ஒன்று சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கல்யாண மண்டபம். மாப்பிள்ளையின் பெரியப்பா அரிவாள்மனையால் கொல்லப்பட்டார். சந்தேகத்துக்குரியவர்கள் மூவர்: சமையல்காரர், தவில் வித்துவான், புகைப்படக்காரர். சமையற்கட்டு, மேடை, மாடி ஆகிய மூன்று இடங்களில் ஆளுக்கோர் இடமாக இருந்தார்கள். அரிவாள்மனை, குத்துவிளக்கு, நைலான் கயிறு ஆகிய மூன்றில் ஆளுக்கொன்று அவர்கள் வசம் இருந்தது. சமையல்காரர் அப்போது சமையற்கட்டில் இல்லை. குத்துவிளக்கு மேடையை விட்டு நகரவில்லை. கயிறு தவில் வித்துவான் கையில் இருந்தது. அரிவாள்மனை மாடிக்குப் போகவே இல்லை. கொன்றது யார்? பின்வரிசையில் ஒருவர் 'சமையல்காரர்' என்கிறார். ஐயா, அரிவாள்மனை என்றதும் சமையல்காரர் என்று மனம் ஓடுகிறதல்லவா, அந்தச் சோற்றுக்குள்தான் பூசணிக்காய். ஒன்பது கட்டம் போட்டுப் பாருங்கள்.

இப்போது அவையில் நடப்பதைக் கவனியுங்கள். அந்த அம்மையார் பக்கத்தில் இருப்பவரின் நோட்டை எட்டிப் பார்க்கிறார். அந்த இருவருக்கும் இதற்கு முன் அறிமுகம் இல்லை என்று நினைக்கிறேன். மாவட்ட நூலக அலுவலர் அவர்களும் தம் அழைப்பிதழின் பின்பக்கத்தில் கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார், மகிழ்ச்சி. இது ஒரு மேசையைச் சுற்றிப் பலர் உட்கார வேண்டிய வாசிப்பு. ஆகவே, தலைவர் அவர்களே, நான் கொடுத்த வாக்கை இத்துடன் மீறுகிறேன். நம் நூலகத்தின் வாசிப்புக் கூடத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் காலை முதல் இருக்கிறார்கள். இருக்க வேண்டும், அவர்கள் வாழ்க்கை அது. அங்கே நாம் போய்க் கொலையைப் பற்றி உரக்க வாதாட முடியாது. குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. அறுபதைத் தாண்டியவன் பேசிச் சிரித்து மூளைக்கு வேலை கொடுக்க இடம் எங்கே? 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி, நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகச் சேர்கிறது. அந்தப் பத்துக் காசில் எனக்கும் என் அக்காவுக்கும் ஒரு மேசை வராதா? மாடி அறையில் இப்போது இருப்பவை உடைந்த நாற்காலிகளும் பழைய நாளிதழ்க் கட்டுகளும்தான். சாவி இருக்கிறது, மின்இணைப்பு இருக்கிறது. மாலை ஐந்து முதல் எட்டு வரை திறந்தால் போதும். நூல் வாங்க நிதி இல்லை என்றால், என் நூறு அட்டைப் பெட்டியை நாளைக்கே நன்கொடையாகத் தருகிறேன். யாரும் எண்ணைப் பார்த்து அடுக்கிவிடக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை.

தமிழில் இவற்றை எழுதுவது எப்படி என்ற மூன்றாம் பகுதிக்கு நேரம் இல்லையென்று தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். அதைப் பிறிதொரு கூட்டத்தில் பார்க்கலாம்.

கல்யாண மண்டபக் கொலைக்கு விடையை எழுதி, அரக்கு வைத்து ஒட்டிய உறை இதோ என் கையில் இருக்கிறது. இதை மாவட்ட நூலக அலுவலர் அவர்களிடம் ஒப்படைக்கிறேன். மாடி அறையைத் திறக்கும் நாளில், அந்த அறையில் வைத்து அவரே இதைப் பிரிக்க வேண்டும். விண்ணப்பப் படிவம் சுண்டல் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கையொப்பமிட்டுவிட்டுத் தட்டை எடுங்கள். வணக்கம்.