பாடப்புத்தகம் இல்லாத கல்லூரி: தாமஸ் அக்வினாஸ் கல்லூரியில் நான்கு வருடம்

(காட்சி: கரும்பலகை. சாக்பீஸ் பிடித்த கை ஒரு நேர்கோடு இழுக்கிறது.)

ஒரு கோடு. இந்த முனை அ, அந்த முனை ஆ. அ-வை மையமாக வைத்து, ஆ வரை எட்டும்படி ஒரு வட்டம். ஆ-வை மையமாக வைத்து, அ வரை எட்டும்படி இன்னொரு வட்டம். இரண்டும் வெட்டிக்கொள்கிற புள்ளி இ. மூன்று புள்ளிகளையும் சேர்த்தால் சமபக்க முக்கோணம். காம்பஸ் கைக்கு வந்த புதிதில் எல்லோரும் போட்டுப் பார்த்ததுதான்.

சரி, கல்லூரிக்கு வந்த பிறகு, பதினெட்டு வயதில், இதை ஏன் மறுபடி போட வேண்டும்?

(காட்சி: பெரிய மேஜை. சுற்றிலும் பதினைந்து, இருபது மாணவர்கள். எல்லார் முன்னாலும் ஒரே புத்தகம்.)

இடம், அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் சான்டா பவுலா. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வடமேற்கே சுமார் 100 கிலோமீட்டர். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களுக்குப் பேர்போன ஊர். ஊரைத் தாண்டி ஓஹாய் போகிற மலைச்சாலையில், காட்டை ஒட்டி இருக்கிறது தாமஸ் அக்வினாஸ் கல்லூரி. கத்தோலிக்கக் கல்லூரி. 1971இல் வேறோர் இடத்தில் வாடகைக் கட்டடத்தில் ஆரம்பித்து, 1978இல் இங்கே வந்தது. மாணவர் எண்ணிக்கையைச் சொன்னால் சிரிப்பீர்கள். இந்த வளாகத்தில் மொத்தமே 400 பேர் அளவுதான்.

இங்கே துறை கிடையாது. இயற்பியல், வணிகவியல், வரலாறு என்று எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. விருப்பப் பாடமும் இல்லை. சேர்ந்த எல்லோருக்கும் நான்கு வருடமும் ஒரே பாடத்திட்டம், கடைசியில் ஒரே பட்டம். பாடப்புத்தகமும் இல்லை. வடிவியல் என்றால் யூக்ளிட் எழுதிய நூலையே கையில் எடுக்க வேண்டும். புவியீர்ப்பு என்றால் நியூட்டன். ரத்த ஓட்டம் என்றால் வில்லியம் ஹார்வி. அவர்கள் சொன்னதை யாரோ ஒருவர் சுருக்கி, முக்கியமான வரியைப் பெட்டி கட்டிப் போட்ட புத்தகம் உதவாது.

ஆசிரியர் விரிவுரையும் நடத்த மாட்டார். அவரைப் பேராசிரியர் என்றுகூடச் சொல்வதில்லை, ட்யூட்டர் என்றுதான் சொல்கிறார்கள். உண்மையான ஆசிரியர் அந்தப் புத்தகம், மேஜையில் உட்கார்ந்திருப்பவர் வழித்துணை மட்டும் என்பது கணக்கு. ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வார். பேச வேண்டியது மாணவர்கள். அதுவும் வகுப்பில் ஒருவரையொருவர் மிஸ்டர், மிஸ் போட்டு, குடும்பப் பெயரால் அழைத்துத்தான் பேச வேண்டும். காலையில் பக்கத்துப் படுக்கையிலிருந்து எழுந்து வந்தவனை மிஸ்டர் என்பது முதல் வாரம் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் நண்பனின் வாதத்தை உடைக்க இந்த மிஸ்டர் பெரிய வசதி. சண்டை வாதத்தோடு போகும், ஆளிடம் போகாது.

(காட்சி: மறுபடி கரும்பலகை. இரண்டு வட்டங்கள்.)

இப்போது நம் முக்கோணத்துக்கு வருவோம். முதல் வருட மாணவர் ஒருவர் குறிப்புத் தாள் எதுவும் இல்லாமல் பலகை முன்னால் நின்று, யூக்ளிடின் முதல் தேற்றத்தைப் படிப்படியாக நிறுவுகிறார். முடித்துவிட்டுத் திரும்பும்போது எதிரே ஒரு மாணவி கையைத் தூக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அந்த இரண்டு வட்டமும் வெட்டிக்கொள்ளும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?"

"பார்த்தாலே தெரிகிறதே."

அந்தப் பதில் செல்லாது. யூக்ளிட் ஆரம்பத்தில் ஐந்து எடுகோள்களை, அதாவது நிறுவாமலே ஏற்றுக்கொள்ள வேண்டிய அடிப்படைகளைக் கொடுத்திருக்கிறார். இரண்டு புள்ளிகளுக்கு இடையே கோடு போடலாம், எந்த மையத்திலும் எந்த அளவிலும் வட்டம் போடலாம், இப்படி. இந்த ஐந்தில் எதுவும், ஒன்றின் மையம் வழியாக இன்னொன்று போகும் இரண்டு வட்டங்கள் கட்டாயம் வெட்டிக்கொள்ளும் என்று சொல்லவில்லை. சுமார் 2,300 வருடப் பழைய நூல், அதன் முதல் தேற்றத்திலேயே ஓட்டை! 19ஆம் நூற்றாண்டில் டெடகிண்ட், ஹில்பர்ட் போன்ற கணிதவியலாளர்கள் வந்துதான் அதைச் சரியாக அடைத்தார்கள்.

சாதாரண வகுப்பாக இருந்தால் இந்தச் சிக்கலே எழாது. ஓட்டை அடைத்த பதிப்பைத்தான் கையில் கொடுப்பார்கள், அல்லது ஓட்டை கண்ணில் படாத வேகத்தில் தாண்டிப் போவார்கள். இங்கே ஓட்டையோடுதான் கொடுக்கிறார்கள். இந்தக் கல்லூரியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். அறிவு தடுமாறி வந்த வழியிலேயே, அதே வரிசையில், மாணவரையும் நடக்கவிடுகிறார்கள்.

(காட்சி: வானம். நடுவில் பூமி. சுற்றிலும் வட்டத்தின் மேல் வட்டமாகக் கிரகங்கள்.)

இரண்டாம் வருடம் தாலமி. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாண்ட்ரியாவில் இருந்தவர். பூமி அசையாமல் நடுவில் நிற்கிறது, சூரியனும் கிரகங்களும் அதைச் சுற்றுகின்றன என்பது அவர் கணக்கு. செவ்வாய் வானத்தில் போய்க்கொண்டே இருந்து, திடீரென்று கொஞ்ச நாள் பின்னால் நகரும். அதை விளக்க, பெரிய வட்டத்தின் மேல் சின்ன வட்டம் ஒன்றை ஓடவிடுகிறார்.

தப்பு என்று தெரிந்ததை ஏன் படிக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றும். தாலமியின் கணக்கைக் கையால் போட்டுப் பார்த்தவர் அப்படிக் கேட்க மாட்டார். அது அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது. அதற்குப் பிறகு கோப்பர்நிகஸ். 1543இல் வந்த அவருடைய நூலில் சூரியன் நடுவுக்கு வந்துவிடுகிறது, ஆனால் சின்ன வட்டங்கள் போகவில்லை. அப்புறம்தான் கெப்ளர். வானியலாளர் டைக்கோ பிராஹே எடுத்த அளவுகளுக்கும் தன் வட்டக் கணக்குக்கும் இடையே அவருக்கு 8 கலை வித்தியாசம் வந்தது. ஒரு பாகையில் அறுபதில் எட்டுப் பங்கு. "போகட்டும்" என்று விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. செவ்வாயின் பாதை வட்டமே இல்லை, நீள்வட்டம் என்று 1609இல் எழுதினார்.

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பது நமக்கெல்லாம் ஐந்தாம் வகுப்பில் கேள்விப்பட்ட செய்தி. இவர்களுக்கு அது ஒரு வருடம் போராடி வாங்கிய முடிவு.

வேதியியலும் இதே கதைதான். லவாய்சியே, டால்டன் என்று ஆரம்பித்து, அணு எடை பற்றிய குழப்பத்தில் எல்லாம் உருண்டு புரண்டு, மெண்டலீவின் தனிம அட்டவணைக்கு வந்து சேர்கிறார்கள். இரண்டு வருடம் லத்தீன் உண்டு. இசைக்கும் வகுப்பு உண்டு. அதிலெல்லாம் இறங்கினால் வீடியோ முடியாது.

(காட்சி: வெள்ளைச் சுவர், மணிக்கூண்டு, குவிமாடம் கொண்ட தேவாலயம்.)

மதக் கல்லூரி என்றேன். அதைக் கேட்டதும், கேள்வி கேட்காமல் தலையாட்டும் பிள்ளைகளை நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் வருட இறையியல் என்றால் பைபிள். அடுத்து அகஸ்டின் முதலானோர். மூன்றாம், நான்காம் வருடங்களில், கல்லூரிக்குப் பெயர் தந்த அக்வினாஸ் எழுதிய இறையியல் தொகுப்பு. 13ஆம் நூற்றாண்டு நூல். அதில் கடவுள் இருக்கிறாரா என்ற பகுதியைத் திறந்தால், கடவுள் இல்லை என்றே தோன்றுகிறது என்று ஆரம்பிக்கும். முதல் காரணம், உலகில் தீமை இருக்கிறது. எல்லையற்ற நன்மை ஒன்று இருந்தால் தீமைக்கு ஏது இடம்? இரண்டாவது, உலகில் நடப்பதையெல்லாம் இயற்கையையும் மனித மனத்தையும் வைத்தே விளக்கிவிடலாமே, கடவுள் எதற்கு? எதிர்க்கட்சிக்கு இப்படி முழுசாக மேடை கொடுத்த பிறகுதான் அக்வினாஸ் தன் பதிலுக்கு வருகிறார். நூல் முழுக்க இதே அமைப்பு. சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்குப் பரபக்கம் (எதிர்த்தரப்பு), சுபக்கம் (தன் தரப்பு) என்றால் சட்டென்று புரிந்துவிடும்.

இன்னொன்று. மார்க்ஸ், டார்வின், நீட்சே, ஃப்ராய்ட் எல்லோரும் நான்காம் வருடப் பட்டியலில் இருக்கிறார்கள். "கடவுள் இறந்துவிட்டார்" என்று எழுதிய நீட்சேயை, தேவாலய மணி காதில் விழும் அறையில் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

இதை வைத்து, இது நடுநிலையான இடம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆசிரியர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். திருச்சபையின் போதனை உண்மை என்பதுதான் கல்லூரியின் நிலைப்பாடு, அதை ஒளிப்பதும் இல்லை. வேறு மதத்தவரும், மதமே இல்லாதவரும் சேரலாம், ஆனால் வாதம் எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்தே சேர வேண்டும். எனக்கு இருக்கிற பெரிய குறை வேறு. நான்கு வருடம் உலகின் மகத்தான நூல்கள் என்று படித்தவர், கிரேக்கம், ரோம், ஐரோப்பா தாண்டி ஏறக்குறைய எங்கேயும் போயிருக்க மாட்டார். சீனம் இல்லை, இந்தியா இல்லை. பாணினியோ கன்பூஷியஸோ இல்லாமல் நூல்களின் உலகம் முழுமை ஆகுமா? மேற்கத்திய மரபைத்தான் படிக்கிறோம் என்று அவர்கள் பதில் சொல்வார்கள். நேர்மையான பதில்தான், எனக்குப் போதவில்லை.

(காட்சி: சமையலறையில் தட்டு கழுவும் மாணவர்கள்.)

அன்றாட வாழ்க்கைக்கு வருவோம். எல்லோரும் வளாகத்துக்குள்ளேயே தங்குகிறார்கள். ஆண்கள் விடுதிக்குள் பெண்களோ, பெண்கள் விடுதிக்குள் ஆண்களோ போகக் கூடாது. இரவு இத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்ற கட்டுப்பாடு உண்டு. வகுப்புக்கு ஆண்கள் காலர் வைத்த சட்டை, பேன்ட். பெண்கள் பாவாடை அல்லது கவுன். கலிபோர்னியாவில் அரைக்கால் சட்டையும் செருப்புமாக வகுப்புக்குப் போகும் மாணவர்களைப் பார்த்தவர்களுக்கு இது வேறு கிரகம். தினமும் திருப்பலி என்ற கத்தோலிக்க வழிபாடு. சில வெள்ளிக்கிழமை இரவுகளில் எல்லோருக்கும் பொதுவாக ஓர் உரை, அதன் பிறகு நெடுநேரம் கேள்வி பதில். கட்டணம் கட்ட வசதி போதாத மாணவர்கள் வாரம் சுமார் 13 மணி நேரம் சமையலறையிலோ நூலகத்திலோ தோட்டத்திலோ வேலை செய்து உதவித்தொகை பெறலாம். காலையில் அரிஸ்டாட்டில், மத்தியானம் பாத்திரம்.

அப்புறம் டான் ராக். பெயர் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்தது. மாணவர் உட்கார்ந்திருக்க, அவருக்கு வகுப்பெடுக்கும் ட்யூட்டர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து அவருடைய படிப்பைப் பற்றிப் பேசுவார்கள். நன்றாக வாதிடுகிறார், ஆனால் மற்றவர் பேசுவதைக் காதில் வாங்குவதில்லை என்பது மாதிரி. மதிப்பெண் பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம். இதிலிருந்து தப்ப முடியாது.

(காட்சி: இரவு. மலைச்சரிவில் நெருப்பு.)

2017 டிசம்பர் 4. மாலையில் கல்லூரிக்குப் பக்கத்தில் தீப்பற்றியது. காய்ந்த மலை, பேய்க்காற்று. மாணவர்கள் அன்றிரவே வெளியேற்றப்பட்டார்கள். கல்லூரிக் கட்டடங்கள் தப்பின. தீ அடங்க அடுத்த மாதம் ஆனது, எரிந்தது 2,80,000 ஏக்கருக்கும் மேல். அதுவரை பதிவான கலிபோர்னியத் தீக்களில் அதுதான் மிகப் பெரியது. கல்லூரிக்கு அருகே தொடங்கியதால் அதற்கு வைத்த பெயர் தாமஸ் தீ. அக்வினாஸைப் பற்றி ஒரு வரிகூடப் படிக்காத கலிபோர்னியர்களும் அந்தப் பெயரை மறக்க மாட்டார்கள்.

2019இல் நாட்டின் மறுகோடியில், மாசசூசெட்ஸின் நார்த்ஃபீல்டில் இரண்டாவது வளாகம் திறந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் டுவைட் மூடி என்ற புராட்டஸ்டன்ட் பிரசங்கி பெண்களுக்காகப் பள்ளி தொடங்கிய இடம் அது. அங்கேயும் இதே புத்தகங்கள், இதே மேஜை.

(காட்சி: முதல் கரும்பலகை. துடைத்துச் சுத்தமாக இருக்கிறது.)

யூக்ளிடின் ஐந்தாவது எடுகோள் ஒன்று பாக்கி இருக்கிறது. மற்ற நான்கும் ஒரு வரியில் முடியும். இது மட்டும் நீளம். இரண்டு கோடுகளை ஒரு கோடு வெட்டுகிறது; ஒரு பக்கத்து உட்கோணங்கள் இரண்டும் சேர்ந்து இரண்டு செங்கோணத்துக்குக் குறைவாக இருந்தால், நீட்டும்போது அந்தப் பக்கத்தில் கோடுகள் சந்திக்கும். யூக்ளிடுக்கே இதில் தயக்கமோ என்னவோ, முதல் 28 தேற்றங்கள் வரை இதைத் தொடாமல் வந்து, 29இல்தான் எடுக்கிறார். முதல் வருட மாணவர் இதை ஒப்புக்கொண்டுதான் மேலே போக முடியும். முனகிக்கொண்டே ஒப்புக்கொள்பவர்களும் இருப்பார்கள்.

நான்காம் வருடம் லோபசெவ்ஸ்கி வருகிறார். ரஷ்யாவின் கசான் நகரத்துக் கணிதப் பேராசிரியர். 1829இல் இந்த ஐந்தாவது எடுகோளைத் தூக்கிப் போட்டுவிட்டு, அது இல்லாமலே முரண் வராத ஒரு வடிவியலைக் கட்டியவர்.

பலகையில் ஒரு கோடு. அதற்கு வெளியே ஒரு புள்ளி. அந்தப் புள்ளி வழியாக, இந்தக் கோட்டை எப்போதும் வெட்டாத கோடுகள் எத்தனை போடலாம்? முதல் வருடத்தில் பதில் ஒன்றே ஒன்று. லோபசெவ்ஸ்கியின் பதில் எண்ணற்றவை. முக்கோணத்தின் மூன்று கோணங்களைக் கூட்டினால் 180 பாகைகூட வராது.

மாணவர் அதை வரைய முயல்கிறார். பலகையில் கோடுகள் வளைந்துதான் வருகின்றன. எதிரே அதே மாணவி கையைத் தூக்குகிறார்.

"மிஸ்டர், அது நேர்கோடா? பார்த்தால் அப்படித் தெரியவில்லையே."

பார்த்தால் தெரிகிறது என்பது முதல் வருடத்தில் செல்லவில்லை. பார்த்தால் தெரியவில்லை என்பது மட்டும் இப்போது எப்படிச் செல்லும்?

ட்யூட்டர் வாயைத் திறக்கவில்லை. மேஜையில் யாரோ புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டுகிறார்.