விரித்து வைத்த கடிதம்

நேயர்களே, கிறிஸ்துவின் இனிய நாமத்தில் உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

கி.மு. 701. அசீரிய அரசன் சனகெரிப் யூதா நாட்டின் அரணான பட்டணங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வருகிறான். களிமண் பட்டகத்தில் அவனே பொறித்துவைத்த கணக்கு 46. அவற்றில் ஒன்றான லாகீஸ் வீழ்ந்ததை நினிவே அரண்மனைச் சுவரிலேயே செதுக்கிவைத்தான். சிறைபட்ட குடும்பங்கள் மாட்டுவண்டியோடு போகும் அந்தச் சிற்பங்களை லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

எருசலேமில் இருந்த யூதாவின் ராஜா எசேக்கியா முதலில் செய்தது ஜெபமல்ல. 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் (தாலந்து என்பது அக்கால எடை அளவு) சனகெரிப்புக்குக் கட்டச் சம்மதித்தார். அதற்காக ஆலயக் கதவுகளில் தாமே பதித்திருந்த பொன்தகட்டையும் உரித்துக் கொடுத்தார். பொன் போனது; படை போகவில்லை. மிரட்டிப் பணம் பறித்தவன் ஒரு தடவையோடு ஓய்ந்தான் என்று எங்காவது கேட்டிருக்கிறீர்களா?

அடுத்து சனகெரிப் அனுப்பிய அதிகாரி ரப்சாக்கே வந்தான். "சீரிய மொழியில் பேசும், எங்களுக்குப் புரியும்" என்று எசேக்கியாவின் அதிகாரிகள் கெஞ்சினார்கள். மதில்மேல் இருந்த சாதாரண ஜனங்களும் கேட்க வேண்டுமென்றே அவன் யூத மொழியில் இன்னும் உரக்கக் கத்தினான். "2000 குதிரை தருகிறேன், ஏற உங்களிடம் ஆள் உண்டா?" என்று ஏளனம் வேறு. ஜனங்கள் வாய் திறக்கவில்லை. பதில் சொல்லக்கூடாது என்பது ராஜாவின் கட்டளை. எனக்கு மிகவும் பிடித்த கட்டளை அது!

பிறகு சனகெரிப்பிடமிருந்து மிரட்டல் கடிதம் வந்தது. எசேக்கியா அதை வாசித்தார், ஆலயத்துக்குப் போனார், கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்தார். பொன் உரிந்த அந்தக் கதவுகளைக் கடந்துதான் அவர் உள்ளே போயிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆண்டவரின் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுத்து நிம்மதி தேடியவர், இப்போது வெறுங்கையோடு அதே வீட்டுக்குள் நிற்கிறார்.

அவருடைய ஜெபத்தில் ஒரு நேர்மை இருக்கிறது. எதிரி பொய் சொல்கிறான் என்று அவர் சொல்லவில்லை. "கர்த்தாவே, அசீரியா ராஜாக்கள் அந்த தேசங்களைப் பாழாக்கியது மெய்தான்" என்று ஒப்புக்கொள்கிறார். எங்களை இரட்சியும் என்று கேட்கிறார், எதற்காக? நீர் ஒருவரே தேவன் என்று பூமியின் ராஜ்யங்களெல்லாம் அறியும்படிக்கு. தம் சிங்காசனத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இங்கே ஒரு கேள்வி நெஞ்சை உறுத்துகிறது. லாகீசிலும் ஜெபித்தவர்கள் இருந்திருப்பார்களே? அதற்கு வேதம் விடை சொல்லவில்லை; நானும் சொல்லத் துணியமாட்டேன். ஜெபித்தால் ஆபத்து வராது என்று வாக்குக் கொடுப்பவர்கள் லாகீஸ் சிற்பத்தின் முன் ஒருமுறை நின்று பார்க்கட்டும். நம்பிக்கை என்பது முடிவு தெரிந்தபின் வருவதல்ல. அந்தக் கடிதத்தை விரித்தபோது எசேக்கியாவுக்கும் முடிவு தெரியாது.

அவர் கைகட்டி இருந்தவரும் அல்ல. கீகோன் ஊற்றின் தண்ணீரைப் பாறையைக் குடைந்து நகருக்குள் திருப்பினார். ஏறக்குறைய 530 மீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கத்தில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது. ஆகவே, உங்களை மிரட்டுகிறவன்மேல் போலீசில் புகார் கொடுப்பது அவிசுவாசம் ஆகாது. புகார் எழுதிய தாளையும் ஆண்டவர்முன் விரித்து வையுங்கள், அவ்வளவுதான்.

"உன் விண்ணப்பத்தைக் கேட்டேன்" என்று தீர்க்கதரிசி ஏசாயா மூலம் கர்த்தரின் பதில் வந்தது. அன்று இராத்திரி அசீரியர் பாளயத்தில் 1,85,000 பேர் மாண்டார்கள் என்கிறது வேதம். சனகெரிப்பின் பட்டகமோ, எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல் அடைத்ததாகப் பெருமை பேசுகிறது. எருசலேமைப் பிடித்ததாக அதில் ஒரு வரியும் இல்லை.

இன்றிரவு 2 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். ஜெபம் 15ஆம் வசனத்தில் தொடங்கி 19இல் முடிந்துவிடும். வீட்டில் யாராவது பயந்துபோய் இருந்தால் அவர்களுக்குக் கேட்கும்படி வாசியுங்கள். வணக்கம்.