பிடரியில ரெண்டு கோடு

எல்லாருக்கும் வணக்கம். குளிர்காலத்துல குடும்பத்தோட போன ஒரு டிரிப் பத்திப் பேசுங்கன்னு ரேடியோ நிலையத்துல இருந்து போன் பண்ணாங்க. அவங்க மனசுல நைனிதால், மணாலின்னு ஏதாவது இருந்திருக்கும். எனக்கு டக்குனு ஞாபகத்துக்கு வந்தது ஒரு வாத்து வேட்டை. "வேட்டையா சார்?"னு போன்ல அந்தப் பொண்ணு இழுத்துச்சு. ஆமாம்மா, வேட்டைதான், ஆனா அது 1963 ஜனவரி, எனக்கு ஒம்பது வயசு, அப்போ சட்டமே வரல, உங்க மேலயும் கேஸ் வராது என் மேலயும் வராதுன்னு சொன்னப்புறம்தான் சிரிச்சுது.

அப்பாவுக்கு சென்ட்ரல் கவர்ன்மென்ட்ல கிளார்க் வேலை. லோதி காலனில குவார்ட்டர்ஸ். பூர்வீகம் திருநெல்வேலி பக்கம். டெல்லியில மதராசின்னாலே சைவம்னு ஒரு நினைப்பு உண்டு, கறி வாங்கப் போனா கடைக்காரரே "உங்களுக்கா?"ன்னு ஒரு தடவை கேப்பார். நாங்க எல்லாம் சாப்பிடுவோம், அம்மா வைக்கிற கோழிக்குழம்புக்கு அக்கம்பக்கத்துப் பஞ்சாபி வீட்டுல எல்லாம் ரசிகர்கள் இருந்தாங்க. அது ஏன் சொல்றேன்னா, அம்மா அன்னிக்குப் பண்ணதுக்கு காரணம் சைவமோன்னு யாரும் நினைச்சிடக் கூடாது.

அந்த வருஷம் மாமா வந்திருந்தார். அம்மாவோட தம்பி, மெட்ராஸ் ரெஜிமென்ட்ல சிப்பாய், இருபத்தாறு வயசு இருக்கும். சீனாக்கூட சண்டை நவம்பர்லதான் நின்னிருந்துச்சு, மாமாவுக்கு லீவு கிடைச்சு, ஊருக்குப் போற வழியில எங்க வீட்டுல பத்து நாள் தங்கினார். அப்பாவோட ஆபீசர் ஒரு சர்தார்ஜி, அவருக்கு ரெண்டு பைத்தியம், ஒண்ணு பிரிட்ஜ் சீட்டாட்டம், இன்னொண்ணு ஷிகார், அதாவது வேட்டை. பட்டாளத்துக்காரன் வந்திருக்கான்னு கேள்விப்பட்டதும் சனிக்கிழமை ராத்திரியே ஆளனுப்பிட்டார், காலைல ரெடியா இருங்க, குடும்பத்தோட போவோம்னு. அப்போ எல்லாம் அப்படித்தான், ஆம்பளைங்க சுடப் போவாங்க, பொம்பளைங்களும் பசங்களும் கூடவே போய் ஒரு மரத்தடியில ஜமக்காளத்தை விரிச்சு உக்காருவாங்க, பிக்னிக் மாதிரி.

மூணு மணிக்கு எழுப்பிட்டாங்க. டெல்லி ஜனவரி குளிர் எப்படின்னு இங்க இருக்கறவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர், அதுக்கு மேல அப்பாவோட கோட்டு, ஜீப்புக்குப் பின்னாடி ரஜாயைப் போத்திக்கிட்டு நாங்க அஞ்சு பசங்க. அம்மா ஒரு தூக்குல புளியோதரை, சர்தார்ஜி வீட்டு ஆன்ட்டி ஒரு டப்பா நிறைய மூலி பராட்டா. நஜஃப்கட் தாண்டி தான்சா பந்த் பக்கம் போனோம்.

இப்போ நஜஃப்கட்னா நமக்கு ஞாபகம் வர்றது மூக்கைப் பொத்திக்கிட்டு தாண்டற நாலா, சாக்கடைக் கால்வாய். அன்னிக்கு அது ஏரி. ஜீல்னு சொல்லுவாங்க. மழை வருஷத்துல மைல் கணக்கா தண்ணி நிக்கும். அப்புறம் வடிகாலை அகலமா வெட்டி தண்ணியை யமுனைக்கு விட்டாங்க, ஏரி போச்சு, நாலா மிச்சம். வெள்ளம் வராம இருக்கணும்னு செஞ்சதுதான், ஊருக்குள்ள தண்ணி வந்து கஷ்டப்பட்டவங்ககிட்ட போய் வாத்துக்காக அழுதா அடிப்பாங்க, ஆனாலும் அந்த விடிகாலைத் தண்ணியைப் பாத்தவனுக்கு இந்த நாலாவைப் பாக்கறப்போ வயிறு எரியத்தான் செய்யுது.

வாத்து வேட்டைல ஒரு கணக்கு இருக்கு. இந்தப் பெரிய வாத்துங்க பகல்ல தண்ணிக்கு நடுவுலயோ மணல் திட்டுலயோ போய் உக்காந்துடும், நாலு பக்கமும் கண்ணு, கிட்டவே போக முடியாது. இருட்டினப்புறம் வயலுக்கு வரும், இளங்கோதுமை, கொண்டக்கடலைச் செடி, ராத்திரி பூரா மேயும், விடியறதுக்குள்ள கூட்டம் கூட்டமா தண்ணிக்குத் திரும்பும். அது திரும்பற பாதைக்குக் கீழ இருட்டுலயே போய்ப் படுத்துக்கணும், அவ்வளவுதான் வித்தை. வயல்காரங்களுக்கும் சந்தோஷம்தான், பயிரைத் தின்னுதுல்ல, அவங்களே வந்து எங்க படுக்கணும்னு இடம் காட்டினாங்க. சர்தார்ஜியோட ட்வெல்வ் போர் ரெட்டைக் குழல் துப்பாக்கியை மாமா கையில குடுத்தார், வாத்துக்குன்னு பெரிய ரவை போட்ட தோட்டா ஒரு பெட்டி. ரெண்டு பேரும் கடலை வயலுக்குள்ள போய் மறைஞ்சுட்டாங்க. அப்பா போகல. அப்பாவுக்கு பைல் தவிர வேற எதையும் தூக்கிப் பழக்கமில்ல.

பனி மூட்டம். ஜீப் பானட் கூடத் தெரியல. அப்போ மேல ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, ஆங்... ஆங்...னு, மூக்கால கூப்பிடற மாதிரி, ஒண்ணு சொல்ல இன்னொண்ணு பதில் சொல்ல, கண்ணுக்கு ஒண்ணுமே தெரியல, வானமே பேசிக்கிட்டு போற மாதிரி. அம்மா தலையைத் தூக்கிப் பாத்தாங்க. ஏதோ சொல்ல வாயைத் தொறந்தாங்க. அதுக்குள்ள வெடிச்சுது, டமார் டமார்னு ரெண்டு, கொஞ்சம் விட்டு இன்னும் ரெண்டு.

வெளிச்சம் வந்தப்புறம் மாமா வந்தார், கையில மூணு வாத்து, கழுத்தைப் பிடிச்சுத் தொங்க விட்டுக்கிட்டு. சர்தார்ஜி பின்னாடியே "ஷாபாஷ், ஷாபாஷ்"னு மாமா முதுகுல தட்டிக்கிட்டு வர்றார். ஜமக்காளத்து மேல போட்டாங்க. சாம்பல் உடம்பு, ஆரஞ்சு காலு, மஞ்சள் மூக்கு, வெள்ளைத் தலை, தலைக்குப் பின்னாடி குறுக்கால ரெண்டு கறுப்புக் கோடு, மை தொட்டு இழுத்த மாதிரி. நான் ஒண்ணைத் தொட்டுப் பாத்தேன், இறக்கைக்கு அடியில இன்னும் சூடா இருந்துச்சு, என் கையில அன்னிக்கு சூடான இடம் அது ஒண்ணுதான்.

அம்மா குனிஞ்சு பாத்துட்டு நிமிந்தாங்க.

"ஏல தம்பி, இது நம்ம ஊரு குளத்துக்கு வார வாத்துல்லா?"

மாமா துப்பாக்கியைத் தொடச்சுக்கிட்டே, "யக்கா, இது டெல்லி வாத்து"ன்னார்.

"டெல்லி வாத்துன்னு எழுதி ஒட்டியிருக்கோ? பிடரியில ரெண்டு கோடுல்லா கெடக்கு. நீயும் அந்தக் குளத்தங்கரையில வளந்தவந்தானல."

அம்மாவுக்கும் மாமாவுக்கும் சொந்த ஊர் கூந்தன்குளம். இப்போ பேப்பர்ல டிவில எல்லாம் வருது, 1994ல சரணாலயம்னு அரசாங்கம் அறிவிச்சுது, ஆனா அதுக்கு எத்தனையோ காலம் முன்னாடியே அந்த ஊர்ல பறவை மேல யாரும் கை வைக்க மாட்டாங்க. நாரையும் கூழைக்கடாவும் வீட்டு வாசல் மரத்துலயே கூடு கட்டும், எச்சம் தலைல விழும், நாத்தம் குடலைப் பிடுங்கும், ஒருத்தரும் விரட்ட மாட்டாங்க. தீபாவளிக்கு வெடி கிடையாது. பறவை வந்தாத்தான் ஊருக்கு நல்லதுன்னு நம்பிக்கை, அதோட எச்சம் கரைஞ்ச வண்டலை அள்ளி வயலுக்குப் போட்டா பயிர் நல்லா வரும், அதனால நம்பிக்கையும் இருக்கு, கணக்கும் இருக்கு. இந்தக் கோடு போட்ட வாத்து, வரித்தலை வாத்துன்னு பேரு, அங்க கூடு கட்டாது. குளிருக்கு வந்து தங்கிட்டுப் போற விருந்தாளி.

மங்கோலியா, திபெத், நம்ம லடாக்குலயும் சில ஏரிகள், அங்கதான் அதுக்குப் பொறந்த வீடு. அங்கேருந்து இமயமலையைத் தாண்டி வருது. ரெண்டு மூணு கிலோ எடை, கழுகு மாதிரி காத்துல மிதந்துக்கிட்டு வராது, இறக்கையை விடாம அடிச்சுக்கிட்டே வரும். ஜிபிஎஸ் கருவி மாட்டிப் பாத்ததுல ஒண்ணு 7,290 மீட்டர் உயரம் வரைக்கும் போயிருக்கு. அந்த உயரத்துல நமக்கெல்லாம் நாலு எட்டு வெச்சாலே மூச்சு வாங்கும். அதோட ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபின் குறைச்சலான ஆக்சிஜனையும் இழுத்துப் பிடிச்சுக்குமாம். புறநானூத்துல பிசிராந்தையார் ஒரு அன்னச் சேவலைக் கூப்பிட்டு, குமரித்துறையில அயிரை மீனைத் தின்னுட்டு வடமலைக்குப் போறியே, வழியில சோழனைப் பாருன்னு சொல்றாரே, அந்த அன்னமே இதுதான்னு என் பிரெண்டு ஒருத்தர் சத்தியம் பண்ணுவார். பாதை என்னமோ பொருந்துது, ஆனா இது புல்லு மேயற ஜாதி, அயிரை எங்க தின்னும், அதனால நான் ஒத்துக்க மாட்டேன்.

சரி, ஜீப்புக்கு வர்றேன். எங்க பங்குன்னு குடுத்த வாத்தை அம்மா வாங்கவே இல்ல. சத்தம் எல்லாம் போடல, "எங்க வீட்டு அடுப்புல இது ஏறாது"ன்னு தமிழ்லயே ஆன்ட்டிகிட்ட சொல்லிட்டு ஜீப்புல போய் உக்காந்துட்டாங்க. ஆன்ட்டிக்குப் புரிஞ்சுதோ என்னமோ, மூணையும் அவங்களே எடுத்துக்கிட்டாங்க. அன்னிக்கு ராத்திரி அவங்க வீட்டுல கடுகெண்ணெய்ல வெங்காயம் கறுக்க வதக்கி, மணிக்கணக்கா வேக வெச்சு ஒரு சாலன். அப்பா, நான், மாமா மூணு பேரும் போனோம். பொய் சொல்ல மாட்டேன், நான் ரெண்டு தடவை போட்டுக்கிட்டேன், நல்லாத்தான் இருந்துச்சு. மூணாவது வாயில பல்லுல நறுக்குனு ஏதோ. துப்பி எடுத்தா ஈயத்துல மிளகு சைஸ்ல ஒரு உருண்டை. "என்னப்பா இது?"ன்னேன். "ரவைடா"ன்னார் அப்பா. உப்புமால போடற ரவை எப்படி இவ்வளவு பெருசாச்சுன்னு நான் முழிச்சதை வெச்சு அப்பா ரொம்ப நாள் ஓட்டினார். அந்த ரவையை ஜியாமெட்ரி பாக்ஸ்ல வெச்சிருந்தேன், அப்புறம் எங்கயோ தொலைஞ்சு போச்சு. மாமா தட்டுல சப்பாத்தியும் ஊறுகாயும் மட்டும்தான் இருந்துச்சு. நான் அப்போ அதைப் பெருசா கவனிக்கல.

1972ல வனவிலங்குச் சட்டம் வந்துச்சு, 1991ல அதைத் திருத்தி லைசென்ஸ் வாங்கிச் சுடறதையும் மொத்தமா எடுத்துட்டாங்க. சர்தார்ஜி துப்பாக்கியை வித்துட்டு பைனாகுலர் வாங்கினார். சுல்தான்பூர் ஏரிக்கு ஞாயித்துக்கிழமைல போறதா கேள்வி.

1986 ஜனவரில மாமா மறுபடி டெல்லி வந்தார். சுபேதாரா ரிட்டையர் ஆகி, தலை நரைச்சு. அம்மா அப்போ இல்ல. பரத்பூர் கேவலாதேவ் பார்க்குக்கு முந்தின வருஷம்தான் யுனெஸ்கோ பட்டியல்ல இடம் கிடைச்சிருந்துச்சு, என் பசங்க ஒரே நச்சரிப்பு, எல்லாருமா ரயில் ஏறிப் போனோம். உள்ள கோயில் பக்கத்துல கல்லுல வரிசையா செதுக்கி வெச்சிருக்கான், மகாராஜா காலத்துல எந்த லாட் சாகிப், அதான் வெள்ளைக்காரப் பெரிய துரை, எந்தத் தேதில வந்து எத்தனை பறவை சுட்டார்னு, கோயில்ல டியூப் லைட் உபயம் எழுதின மாதிரி. 1938 நவம்பர் 12, வைஸ்ராய் லின்லித்கோ, துப்பாக்கி 39, பறவை 4,273. ஒரே நாள்ல. என் பெரியவன் சத்தம் போட்டுப் படிச்சான்.

மாமா அந்தக் கல்லு முன்னாடி ரொம்ப நேரம் நின்னார். "ஆளுக்கு நூத்திப் பத்து வருதுடே"ன்னார், பட்டாளத்துக் கணக்கு. தண்ணிக்கு அந்தப் பக்கம் கோடு போட்ட வாத்துங்க ஒரு கூட்டம், முதுகைக் காட்டிக்கிட்டு மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. நான் சும்மா இருந்திருக்கலாம். கேட்டுட்டேன், "மாமா, அன்னிக்கு தான்சால பனி மூட்டம், மேல என்ன பறக்குதுன்னே தெரியலல்ல உங்களுக்கு?"

மாமா மப்ளரை இழுத்துக் காதைச் சுத்திக் கட்டினார்.

"கண்ணுக்குத் தெரியலடே. சத்தம் தெரிஞ்சுது. சுடுததுக்கு முன்னாலயே தெரிஞ்சுது."

அவ்வளவுதான் சொன்னார். பசங்க ரிக்‌ஷாவுல ஏறிக்கிட்டு ஹாரன் அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க, நாங்களும் போய் ஏறிக்கிட்டோம். வணக்கம்.