குற்றப் புதினங்கள் வளர்ப்பது நியாய உணர்வையே: கோலாலம்பூர் பட்டிமன்றத்தில் ஓர் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வார இறுதி நெரிசலில் வண்டி நிறுத்த இடம் தேடி அலைந்த பிறகும் முகம் சுளிக்காமல் பிரிக்பீல்ட்ஸ் அரங்கை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம். மர்ம நாவல்களும் குற்றப் புதினங்களும் வாசகரிடம் பெரிதும் வளர்ப்பது சந்தேக புத்தியையா, நியாய உணர்வையா என்பது இன்றைய தலைப்பு. நியாய உணர்வையே என்று வாதிட வந்திருக்கும் அணியின் இரண்டாவது பேச்சாளன் நான்.

எதிரணியில் முதலில் பேசிய ஆசிரியை அவர்கள், துப்பறியும் கதை படிக்கத் தொடங்கியதிலிருந்து தம் மாமியார் எதிர்வீட்டு வாசலில் நிற்கும் புதிய வேனின் எண்ணைக் குறித்து வைக்கிறார் என்றும், பக்கத்து வீட்டுக்காரர் நள்ளிரவில் குப்பை கொட்டுவது ஏன் என்று ஆராய்கிறார் என்றும் சொல்லி அரங்கைச் சிரிக்க வைத்தார். நானும் சிரித்தேன். ஆனால் ஆசிரியை அவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். அந்த அம்மையார் வேன்காரரைத் திருடன் என்று யாரிடமாவது சொன்னாரா? சொல்லியிருந்தால் ஆசிரியை அதையும் நமக்குச் சொல்லியிருப்பார். எண்ணைக் குறித்துக்கொண்டு, முடிவு கட்டாமல், மேலும் ஏதேனும் தெரியவருகிறதா என்று அந்த அம்மையார் காத்திருக்கிறார். இதே நகரத்தில், ஏதோ ஒரு தாமான் குடியிருப்பின் வாட்ஸ்அப் புலனக் குழுவில், மங்கலான ஒரு படத்தைப் போட்டு, "இவன்தான் பிள்ளை பிடிப்பவன், எல்லாக் குழுக்களுக்கும் அனுப்புங்கள்" என்று எழுதுகிறவர் செய்வதையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர் சந்தேகப்படக்கூட இல்லை, நடுவர் அவர்களே. நேராகத் தண்டனைக்குப் போய்விட்டார். மர்ம நாவல் படித்துப் பழகியவரால் அப்படிப் போக முடியாது, ஏனென்றால் முப்பதாம் பக்கத்தில் எல்லாரும் கைகாட்டும் ஆள் குற்றவாளியாக இருக்கமாட்டான் என்பது அவருக்குப் பாலபாடம்.

இந்த வகை நாவல் வேலை செய்யும் விதமே அதுதான். நல்ல மர்ம நாவலாசிரியர் வாசகரை வேண்டுமென்றே தவறாகத் தீர்ப்பளிக்க வைக்கிறார். கடன்பட்ட மருமகனை, வாயாடி வேலைக்காரியை, ஊருக்குப் புதிதாக வந்தவனை நாம் மனத்துக்குள் தூக்கில் போட்டுவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போகிறோம். அங்கே அவர்கள் நிரபராதிகள் என்று தெரிய வருகிறது. நம் தீர்ப்பு எந்த ஆதாரத்தின் மேலும் நிற்கவில்லை, ஆளைப் பிடிக்காததன் மேல்தான் நின்றது என்பதும் சேர்ந்தே தெரிகிறது. எவருக்கும் சேதமில்லாமல் ஒருவர் தம் அவசரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொள்ளும் வாய்ப்பு வேறு எந்த வகைக் கதையில் இவ்வளவு கிடைக்கிறது?

எதிரணியின் வழக்கறிஞர் நண்பர் சிலப்பதிகாரத்தை எடுத்தார். கொலைக்களக் காதையில், கோவலனைப் பார்த்த காவலர்களே "கொலைப்படு மகன் அலன்" என்று தயங்கி நின்றபோது, பொற்கொல்லன் களவு நூல் சொல்லும் மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்ற எட்டையும் வரிசையாக எடுத்துரைத்து, தூதன் வேடத்தில் அரண்மனை வாயிலில் இருந்துவிட்டு, இரவில் பெண் வேடத்தில் உள்ளே புகுந்து ஆரத்தைத் திருடிய ஒரு கள்வனின் கதையையும் சொல்லித்தான் கொலைக்கு வழி செய்தான். ஆகவே குற்றக் கதை சந்தேகத்தை வளர்த்து ஓர் உயிரைக் குடித்தது என்பதற்குத் தமிழிலேயே சான்று இருக்கிறது என்றார். அருமையான வாதம், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இடத்தில் மர்மக் கதை வாசகர் ஒருவர் காவலராக நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று வழக்கறிஞர் யோசிக்கவில்லை. காணாமற்போன சிலம்பைக் கண்டேன் என்று அரசனிடம் ஓடிவந்தவன் மீதே அவருடைய கண் முதலில் போயிருக்கும். இவனுக்கு இதில் என்ன லாபம், அரசியின் சிலம்பைக் கடைசியாகக் கையாண்டவன் யார் என்று கேட்டிருப்பார். பாண்டியனோ எதையும் கேட்கவில்லை. "கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு" என்று சொல்லி முடித்துவிட்டான். பொற்கொல்லன் சொன்ன கதையில் திருடன் உண்டு, ஆதாரத்தைச் சரிபார்க்கும் இடம் கிடையாது. அந்த வேலையைச் செய்ய வந்தவள் கண்ணகி. "என் கால் பொற்சிலம்பு மணியுடை அரியே" என்று தன் கூற்றை முதலில் பதிவு செய்தாள். அரசியின் சிலம்பில் முத்து என்று அரசன் வாயாலேயே சொல்ல வைத்த பிறகு, இருவருக்கும் நடுவில் சிலம்பை உடைத்துக் காட்டினாள். தடயத்தைப் பொது அவையில் பரிசோதிக்கும் அந்தக் காட்சியின் வாரிசுதான் இன்றைய குற்றப் புதினத்தின் கடைசி அத்தியாயம்.

அதெல்லாம் காப்பியம், நடப்பில் எங்கே என்று கேட்பீர்கள். நடப்புக்கே வருகிறேன், இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல நடுவர் அனுமதிக்க வேண்டும்.

1903-ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் கிரேட் வைர்லி என்ற சிற்றூரில் இரவு நேரத்தில் குதிரைகளும் மாடுகளும் வெட்டுக் காயங்களோடு கிடந்தன. ஊர்ப் பாதிரியார் பம்பாயிலிருந்து சென்ற பார்சி இனத்தவர். அவருடைய மனைவி ஆங்கிலேயர். மூத்த மகன் ஜார்ஜ் எடால்ஜி பர்மிங்காமில் தொழில் செய்த வழக்கறிஞர். தோல் நிறத்தாலும் வேற்று வம்சத்தாலும் அந்தக் குடும்பத்தை ஊரில் பலருக்கு ஆகாது. மொட்டைக் கடிதங்களும் வந்துகொண்டிருந்தன. காவல் துறை அந்த இளைஞரைப் பிடித்தது, நீதிமன்றம் ஏழாண்டுச் சிறை விதித்தது. மூன்றாண்டு கழித்து அவரை வெளியே விட்டார்கள். ஆனால் குற்றவாளி என்ற பெயரை எடுக்கவில்லை, தொழிலையும் திருப்பித் தரவில்லை. அவர் உதவி கேட்டுக் கடிதம் எழுதியது ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயிலுக்கு.

இருவரும் லண்டன் விடுதி ஒன்றில் சந்திக்க ஏற்பாடானது. டாயில் சற்றுத் தாமதமாக வருகிறார். முன்கூடத்தில் எடால்ஜி நாளிதழ் படித்துக்கொண்டிருக்கிறார்; தாள் அவர் கண்ணுக்கு மிக அருகில், அதுவும் சற்றுப் பக்கவாட்டில் பிடித்தபடி இருக்கிறது. டாயில் கண் மருத்துவம் பயின்றவர். கடுமையான கிட்டப்பார்வைக் குறை இது என்று அந்த நொடியே கண்டுகொண்டார். கூடத்து விளக்கொளியில் அச்செழுத்துக்கே இந்தப் பாடு படுகிறவர், நள்ளிரவில் வயலையும் வேலியையும் ரயில் பாதையையும் கடந்து போய், இருட்டில் மிருகத்தை வெட்டிவிட்டு, யார் கண்ணிலும் படாமல் வீடு திரும்பினார் என்றால் யார் நம்புவது? 1907 ஜனவரியில் டாயில் நாளிதழில் தொடராக எழுதினார். அதே ஆண்டு எடால்ஜிக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. இங்கிலாந்தில் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உருவாக்கும் சட்டம் 1907-இல் வந்ததற்கு இந்த வழக்கும் ஒரு தூண்டுகோல்.

அந்தக் கிராமத்துக்காரர்கள் டாயிலை விடக் குறைவாகவா சந்தேகப்பட்டார்கள்? அவர்கள் நாள் முழுக்கச் சந்தேகப்பட்டார்கள், ஆனால் எதையும் கவனிக்கவில்லை. குற்றக் கதை எழுதி எழுதிப் பழகியவருக்கு, கவனித்ததை வைத்து ஒரு மனிதனைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியது. பின்னாளில் கிளாஸ்கோவில் நடந்த ஒரு கொலைக்கு, அதைச் செய்யாத ஆஸ்கர் ஸ்லேட்டர் என்பவர் 1909-இல் தண்டனை பெற்றபோதும் அவருக்காக எழுதிப் போராடியவர்களில் டாயில் முன்னால் நின்றார். அந்தத் தண்டனை ரத்தாக 1928 வரை ஆயிற்று.

மர்ம நாவல் தனக்கென்று ஒரு நேர்மை விதியை வைத்திருக்கிறது என்பதையும் எதிரணி கவனிக்க வேண்டும். 1929-இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். துப்பறிபவர் காணும் தடயம் வாசகருக்கும் உடனே காட்டப்பட வேண்டும், தற்செயல் எதுவும் அவருக்கு உதவக் கூடாது என்பவை அவற்றுள் அடக்கம். நம் நாட்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 51ஏ பிரிவு, அரசுத் தரப்பு தாக்கல் செய்யவிருக்கும் ஆவணங்களை விசாரணை தொடங்கும் முன்பே குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கொடுத்தாக வேண்டும் என்கிறது. வழக்கறிஞர் நண்பருக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். தடயத்தை ஒளித்து வைத்து வெல்வது வெற்றி ஆகாது என்று சட்டப் புத்தகம் சொல்வதை, சட்டம் படிக்காத ஒரு வாசகர் கதை வழியாக எதிர்பார்க்கக் கற்றுக்கொள்கிறார். ஆசிரியர் ஏமாற்றினால் அவருக்குக் கோபம் வருகிறது. 1926-இல் அகதா கிறிஸ்டி எழுதிய ரோஜர் அக்ராய்ட் கொலைக் கதை வெளிவந்தபோது அது நியாயமான ஆட்டம்தானா என்று வாசகர்கள் சண்டையிட்டுக்கொண்டார்கள். முடிவை இங்கே சொல்லமாட்டேன். சொன்னால் அரங்கில் பாதிப் பேர் என்னை வீட்டுக்குப் போக விடமாட்டார்கள். ஆனால் படித்து முடித்த கையோடு முதல் அத்தியாயத்துக்குத் திரும்பி, எந்த வரியில் உண்மை இருந்தது என்று சரிபார்க்காதவர் குறைவு. தம் தீர்ப்பைத் தாமே மேல்முறையீட்டுக்கு எடுத்துச் செல்லும் பழக்கம் அது.

இனி நம் ஊர். தைப்பூசத்துக்கு வெள்ளி இரதம் புறப்படும் மகாமாரியம்மன் கோயில் இருக்கும் ஜாலான் துன் எச்.எஸ்.லீ அந்தக் காலத்தில் ஹை ஸ்திரீட். விக்டோரியா பள்ளி அப்போது அந்தச் சாலையில்தான் இருந்தது. அங்குத் தலைமையாசிரியர் பொறுப்பு வகித்தவரின் மனைவி எதெல் பிரவுட்லாக், 1911 ஏப்ரல் 23 இரவு, தம் வீட்டு முகப்பில் ஓர் ஈயச் சுரங்க மேலாளரைச் சுட்டுக் கொன்றார். தம்மைப் பலவந்தப்படுத்த முயன்றதால் சுட்டேன் என்றார். நீதிமன்றம் நம்பாமல் மரண தண்டனை விதித்தது. சிலாங்கூர் சுல்தான் மன்னிப்பு வழங்கினார். சில ஆண்டுகள் கழித்து மலாயாவுக்கு வந்த சாமர்செட் மாம் இதைக் கேட்டு ஒரு கதை எழுதினார். இறந்தவனை அன்றிரவு வரச் சொல்லி அவளே எழுதியதாக, வழக்கில் இல்லாத ஒரு கடிதத்தைக் கதைக்குள் வைத்தார். கதையில் வழக்கறிஞர் அந்தக் கடிதத்தை விலை கொடுத்து வாங்கி மறைக்கிறார், அவள் விடுதலை ஆகிறாள், கோர்ட்டுக்கு வெளியே எல்லாரும் கைகுலுக்குகிறார்கள். கடிதத்தைப் படித்துவிட்ட வாசகரால் மட்டும் கைகுலுக்க முடிவதில்லை. தீர்ப்பு என்பது ஒன்று, நடந்தது என்பது வேறொன்று என்ற அந்த உறுத்தலுக்குச் சந்தேக புத்தி என்றா பெயர்?

நம் நாட்டில் ஜூரி முறை 1995-இல் ஒழிக்கப்பட்டது. சாதாரணக் குடிமகன் ஒருவன், சாட்சிகளைக் கேட்டு, முழு வழக்கும் முடியும் வரை வாயை மூடிக்கொண்டிருந்து, பிறகு ஓர் ஆளின் தலைவிதியைப் பற்றி எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு இன்று நீதிமன்றத்தில் இல்லை. செந்தூலில் எல்ஆர்டி ரயில் ஏறி மஸ்ஜித் ஜாமேக் வரும்வரை ஒரு குற்றப் புதினத்தில் மூழ்கியிருக்கும் இளைஞன் அந்த வேலையைத்தான், சம்பளம் இல்லாமல், தினமும் செய்கிறான்.

இந்தக் கதைகள் கொலைக்கு வழி சொல்லித் தருகின்றன என்று ஆசிரியை போகிற போக்கில் ஒரு கல்லையும் எறிந்தார். அகதா கிறிஸ்டி 1961-இல் எழுதிய ஒரு நாவலில் தாலியம் என்ற நஞ்சின் அறிகுறிகள் விவரமாக வரும். 1977-இல் கத்தாரிலிருந்து லண்டன் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு குழந்தைக்கு என்ன நோய் என்று மருத்துவர்களால் கண்டறிய முடியாதபோது, அந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்த செவிலியர் ஒருவர் முடி உதிர்வதைக் கவனித்துத் தாலியமாக இருக்கலாம் என்றார். சோதனையில் அதுவே உறுதியானது, குழந்தை பிழைத்தது.

தரம் தாழ்ந்தவை இல்லையா? உண்டு. அட்டையில் பெண்ணின் உடலைப் போட்டு விற்று, கடைசி இரண்டு பக்கத்தில் குற்றவாளி தானாகவே வந்து ஒப்புக்கொள்ளும் மாத நாவல்களை நான் காப்பாற்ற வரவில்லை. அவை சந்தேகத்தைக்கூட உருப்படியாக வளர்க்கவில்லை. ஆனால் தமிழ் வாசகர்கள் தலைமுறை தாண்டியும் மறக்காத துப்பறியும் இணை யார்? சுஜாதாவின் கணேஷும் வசந்தும். இருவரும் வழக்கறிஞர்கள். காவல் துறை ஒருவனைக் குற்றவாளி என்று கூட்டிவந்து நிறுத்தியபின், அப்படியா, காட்டு பார்க்கலாம் என்று கேட்கும் இடத்தில் நிற்பவர்கள். சந்தேக புத்திதான் நம் மக்களுக்குப் பிடித்திருந்தால், பிடிப்பவனைத்தானே கொண்டாடியிருப்பார்கள். கேள்வி கேட்பவனை ஏன் கொண்டாட வேண்டும்?

எனக்கு அடுத்து எதிரணியின் மூன்றாவது பேச்சாளர் வருகிறார். அவருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். மர்ம நாவல் படித்ததால், ஆதாரம் இல்லாமல் அடுத்தவர் மீது பழி போட்ட ஒருவரை, படிக்காமலே பழி போடும் புலனக் குழுக்காரர்களிலிருந்து பிரித்து, இந்த மேடையில் காட்டுங்கள். இரண்டு பக்கமும் ஆதாரத்தோடு காட்டினால் எங்கள் அணியே எழுந்து கைதட்டும். காட்ட முடியாமல், ஆசிரியை அவர்களின் மாமியாரையே மறுபடியும் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதாக இருந்தால், குறுக்கு விசாரணைக்கு அந்த அம்மையாரையும் அவருடைய குறிப்பேட்டையும் நடுவர் அவர்கள் வரவழைக்க வேண்டும்.

மணி அடித்துவிட்டது. நன்றி, வணக்கம்.