டயர் மேல் டிராக்: வாங்கும் முன் டயரைப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. தெருவில் குப்பை அள்ளவும், குறுகலான இடத்தில் மண் தள்ளவும் வருகிற குட்டி லோடரை நாம் எல்லோரும் ‘பாப்கேட்’ என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். அது ஒரு கம்பெனியின் பெயர். வண்டியின் இனப்பெயர் ஸ்கிட் ஸ்டீர் லோடர். காய்ந்த தரையில் இது சிங்கம். மழை பெய்த கரிசலில் இறக்கிவிட்டால் நாலு டயரும் சேற்றை அப்பிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றும். தனியாக ஒரு டிராக் லோடர், அதாவது டயருக்குப் பதில் டாங்கி மாதிரி பட்டையில் ஓடுகிற வண்டி, வாங்கக் கட்டுப்படியாகாதவர்கள், இருக்கிற டயருக்கு மேலேயே மாட்டுகிற டிராக்கை விசாரிக்கிறார்கள். விசாரிக்கும்போது எல்லோரும் முதலில் கேட்பது விலை. கேட்க வேண்டிய முதல் கேள்வி டயரைப் பற்றியது.

காரணம் இந்த வண்டியின் பிறவியிலேயே இருக்கிறது. 1957-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கெல்லர் சகோதரர்கள், வான்கோழிக் கொட்டகைக்குள் புகுந்து சுத்தம் செய்யத்தான் இதன் முன்னோடியைக் கட்டினார்கள். அது மூன்று சக்கர வண்டி. இன்றைய நாலு சக்கர வண்டியில் முன்சக்கரம் திரும்பாது. இடது பக்கச் சக்கரங்கள் இரண்டும் ஒரு ஹைட்ராலிக் மோட்டாரில், வலது பக்கத்து இரண்டும் இன்னொன்றில். பெரும்பாலான வண்டிகளில் செயின் வழியாக அந்த இணைப்பு. ஒரு பக்கம் வேகம் கூடினால் வண்டி சறுக்கிக்கொண்டே திரும்பும். அதாவது, ஒரே பக்கத்து முன்டயரும் பின்டயரும் எப்போதும் ஒரே எண்ணிக்கையில்தான் சுற்றும்.

இங்கேதான் கணக்கு. 10-16.5 அளவு டயர் ஒன்றின் சுற்றளவு ஏறக்குறைய 96 அங்குலம். பின்டயர் தேய்ந்து 95 ஆகிவிட்டது என்று வையுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் 1 அங்குலம் கணக்கு உதைக்கும். 100 அடி போவதற்குள் 12 அங்குலம். வெறும் டயரில் இதைத் தரை வாங்கிக்கொள்ளும். மேலே ஒரே பட்டையாக டிராக் இருந்தால் இரண்டில் ஒரு டயர் அதற்குள் வழுக்கித்தான் ஆக வேண்டும். டயர் சூடேறும், எஞ்சின் திணறும், செயினில் இழுப்பு கூடும். ஆபரேட்டர் டிராக்கைத் திட்டுவார். அதனால் நாலு டயரும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே பூ (டயர் மேல் இருக்கிற வெட்டு) என்று இருக்க வேண்டும். ஒரே காற்று அடித்து, டேப்பைச் சுற்றி அளந்து பார்த்துவிடுங்கள். மொட்டை டயர் என்றால் முதலில் டயரை மாற்றுங்கள், டிராக் அப்புறம்.

அடுத்தது இடைவெளி. டிராக்கின் கொம்புகள் டயரின் இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும். உள்பக்கக் கொம்பு சேஸிஸில் உரசக் கூடாது. பக்கெட்டைத் தூக்குகிற கையை (பூம்) முழுக்கக் கீழே இறக்கி வைத்து மேல்பக்கமும் பாருங்கள். நிறையப் பேர் கோட்டை விடுவது அங்கேதான். இடம் போதாவிட்டால் ரிம்முக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஸ்பேசர் போட வேண்டும். ஒன்றரை அங்குலம் முதல் 3 அங்குலம் வரை கிடைக்கும். சும்மா இருக்கட்டும் என்று பெரிதாகப் போடாதீர்கள். சக்கரம் வெளியே தள்ளத் தள்ள ஆக்ஸில் பேரிங்கின் மேல் பாரம் ஏறும். ஸ்பேசர் போட்ட முதல் நாள் வேலைக்கு நடுவே நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்ப்பது கட்டாயம்.

ஆர்டர் கொடுக்கும்போது வண்டி மாடல், டயர் அளவு, டயர் கம்பெனி, முன் ஆக்ஸில் நடுவிலிருந்து பின் ஆக்ஸில் நடு வரை உள்ள தூரம், ஸ்பேசர் விவரம் எல்லாம் எழுதிக் கொடுங்கள்.

இரும்பா ரப்பரா? சேறு, களிமண் என்றால் குறுக்குப் பட்டை எழும்பிய இரும்பு. டிராக்கின் இரும்புக் கட்டைகளுக்கு நடுவே சந்து இருப்பதால் சேறு கீழே உதிர்ந்துவிடும். கட்டடம் இடிக்கிற இடத்திலும் இரும்புதான்; கம்பி முனை ரப்பரைக் கிழித்துவிடும். தார் ரோடு, சிமெண்ட் தளம், புல்தரை என்றால் ரப்பர். இரும்பை ரோட்டில் ஏற்றினால் ஒரே திருப்பத்தில் தார் பெயர்ந்து வரும். ஒரு ஜோடி இரும்பு டிராக் அரை டன்னை ஒட்டி எடை போடும், சில அதையும் தாண்டும். வண்டியை ஏற்றிப் போகும் லாரி தாங்குமா என்பதையும் யோசியுங்கள். எதை மாட்டினாலும் அசல் டிராக் லோடர் ஆகிவிடாது. அதில் நடுவில் வரிசையாக ரோலர்கள் பாரத்தைத் தாங்கும். இதில் பாரத்தைத் தாங்குவது பக்கத்துக்கு இரண்டு டயர்கள் மட்டுமே.

மாட்டுவது இரண்டு ஆள் வேலை. டிராக்கைத் தரையில் நேராக விரித்து, வண்டியை மேலே ஏற்றி, ஒரு நுனியைப் பெல்ட் போட்டு டயர்களுக்கு மேலாக இழுத்துக்கொண்டு வந்து, இரண்டு நுனியையும் சேர்த்து ‘பின்’ (இணைப்பு ஆணி) அடிக்க வேண்டும். எட்டவில்லை என்றால் டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கி, பின் அடித்த பிறகு மறுபடி ஏற்றுங்கள். மேலே இரண்டு டயருக்கும் நடுவில் ஒரு பலகையை நேராக வைத்துப் பாருங்கள். டிராக் 1 முதல் 2 அங்குலம் தொய்ந்திருக்க வேண்டும். வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டினால் பேரிங்கும் செயினும் போகும். தொளதொள என்றிருந்தால் திருப்பத்தில் கழன்று விழும். டயர் தேயத் தேயத் தொய்வு கூடும் என்பதால், இது ஒரு நாள் பார்த்துவிட்டு மறக்கிற வேலை அல்ல.

ஓட்டும்போது நின்ற இடத்தில் பம்பரம் சுற்றுவதை விட்டுவிடுங்கள். முன்னே போய், பின்னே வந்து, அகலமாகத் திருப்புங்கள். சரிவில் குறுக்கே போகாமல் நேராக ஏறி நேராக இறங்குங்கள். வாங்கும்போதே உபரியாக இரண்டு மூன்று பின்களைக் கேட்டு வாங்கி, வண்டியிலேயே போட்டு வையுங்கள்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் டயருக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கிற களிமண்ணைக் கடப்பாரையால் தட்டி, தண்ணீர் அடித்து எடுத்துவிடுங்கள். ராத்திரி விட்டால் செங்கல் மாதிரி இறுகி, டயரின் சுற்றளவையே கூட்டிவிடும். காலையில் வண்டியை எடுத்து முதல் திருப்பம் திருப்பும்போதே டிராக் தெறித்துக் கீழே கிடக்கும். வணக்கம்.