நிழற்குடையில் எழுதிய பெயர்

பட்டிமன்ற நடுவர் அவர்களுக்கும் ஊர்ப் பெரியோருக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம். திருவிழாக் கம்பம் சுற்றி ஆடிய கால்வலியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பிமார்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். எனக்குத் தந்த எட்டு நிமிடத்தில் ஐந்து நிமிடத்தை எதிரணி அண்ணனுக்கே செலவழிக்க வேண்டியிருப்பதால் வணக்கத்தை இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.

கிராமத்துத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரை எடைபோட உரியது ஊரில் அவர் கட்டிய கட்டடமா, சட்டமன்றத்தில் அவர் கேட்ட கேள்வியா என்பது தலைப்பு. நான் கேள்வியின் பக்கம். கட்டடத்தின் பக்கம் பேசிய அண்ணன், "சட்டமன்றத்தில் பேசியதைக் கரையான் படிக்கும், நிழற்குடையில் எழுதியதை ஊரே படிக்கும்" என்று சொல்லி அமர்ந்தபோது, நீங்கள் தட்டிய தட்டில் பந்தல்கால் ஆடியது. நானும் தட்டினேன். தட்டி முடித்த பிறகுதான் அவிநாசிக்கு வடக்கே இருக்கும், என் அம்மாவைப் பெற்ற அமிச்சியின் ஊர் நிழற்குடை நினைவுக்கு வந்தது.

அந்த நிழற்குடையின் நெற்றியில் எம்.எல்.ஏ.வின் பெயர் ஒரு முழ உயரத்தில் சிவப்பு எழுத்தில் இருக்கும்; பெயருக்கு முன்னால் அவருடைய சொந்த ஊரும் இருக்கும். நிதியாண்டு, மதிப்பீட்டுத் தொகை, திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர் எல்லாம் எழுதியது போக, நிழற்குடை நிற்கும் ஊரின் பெயரை எழுத மட்டும் இடம் போதவில்லை. என் பெரியம்மா மகளைப் பெண் பார்க்க உடுமலைப் பக்கமிருந்து வந்தவர்கள் அங்கே இறங்கி, நெற்றியை அண்ணாந்து படித்து, ஊர் மாறி இறங்கிவிட்டோம் என்று பதறி அதே பேருந்தில் மறுபடியும் ஏறி, இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எம்.எல்.ஏ.வின் சொந்த ஊருக்கே போய்ச் சேர்ந்தார்கள். இதை என் மாமா சொன்னால் வந்தவர்கள் மூன்று பேர்; அமிச்சி சொன்னால் ஏழு பேர், கையில் பூத்தட்டோடு. போன ஊரில் விசாரித்த வீட்டில் காபி கொடுத்தார்கள் என்பதுவரை இருவரும் ஒத்துப்போவார்கள். காபி கொண்டுவந்த பெண்ணையே அந்த மாப்பிள்ளை கட்டிக்கொண்டார் என்பது அமிச்சியின் பதிப்பில் மட்டும் இருக்கிறது. அதையும் அந்த உறுப்பினரின் சாதனைப் பட்டியலில் அண்ணன் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

கதை அத்துடன் முடியவில்லை. அடுத்த தேர்தலில் வென்றவருக்கு முன்னவர் பெயரின் கீழே மக்கள் நிற்பது பொறுக்காமல், சாலைக்கு எதிர்ப்புறம் இன்னொரு நிழற்குடை எழுந்தது. இரண்டும் எதிரெதிரே முறைத்துக்கொண்டு நின்ற காலத்தில்தான், காலையும் மாலையும் வந்துகொண்டிருந்த ஒரே அரசுப் பேருந்தை நிறுத்தினார்கள். இப்போது அங்கே காத்திருப்பவை வெள்ளாடுகள். காலையில் ஒரு கட்சியின் நிழற்குடையிலும் மாலையில் மறுகட்சியின் நிழற்குடையிலும் படுத்துக்கொள்கின்றன. நிழல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று நம் பிரமுகர்களைப் போலவே அவற்றுக்கும் தெரிந்திருக்கிறது. அண்ணே, நிழற்குடை கட்டப் பணம் போதும். நின்றுபோன பேருந்தை வரவழைக்க, போக்குவரத்துத் துறையின் மானியக் கோரிக்கை விவாதத்தில் எழுந்து நின்று அமைச்சரைக் கேட்கும் வாய் வேண்டும்.

அந்தப் பணத்தையும் ஒருமுறை கணக்குப் பார்த்துவிடலாம். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். பவானித் தண்ணீரைக் குளம் குட்டைகளுக்குக் கொண்டுவரும் அத்திக்கடவு அவிநாசித் திட்டத்துக்கு ஆன செலவோ சுமார் 1,916 கோடி. நிழற்குடையே கட்டாமல் முழு நிதியையும் சேர்த்து வைத்தாலும் சுமார் 639 ஆண்டுகள் பிடிக்கும். கொங்குத் தலைவன் காலிங்கராயன் தன் வாய்க்காலை வெட்டி முடித்ததாகச் சொல்லப்படும் 1283ஆம் ஆண்டுக்கு நூறாண்டு கழித்து ஒருவர் எம்.எல்.ஏ. ஆகி, அன்று முதல் தோல்வியே காணாமல் வந்திருந்தால்தான் இது நடந்திருக்கும். 1946இல் ஈரோட்டிலிருந்து சட்டமன்றம் சென்ற எம்.ஏ. ஈஸ்வரன் கையில் தொகுதி நிதி என்று எதுவும் இருக்கவில்லை. கீழ்பவானித் திட்டம் வேண்டும் என்று விடாமல் கேட்கும் பிடிவாதம் இருந்தது. 1955இல் பவானிசாகர் அணை நிறைவேறி, இன்று 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் கீழ்பவானி வாய்க்காலை நம்பியிருக்கிறது.

மணியடிக்க நடுவர் கையை நீட்டுகிறார். வாதத்தை விட்டுவிடுகிறேன், அமிச்சியின் கணவரான என் அப்பிச்சியைப் பற்றி மட்டும் சொல்ல அனுமதிக்க வேண்டும். அத்திக்கடவைப் பற்றிச் சட்டமன்றத்தில் யார் கேட்டாலும், எந்தக் கட்சிக்காரர் கேட்டாலும், அந்தச் செய்தியை நாளிதழிலிருந்து வெட்டி வெற்றிலைப் பெட்டியின் அடித்தட்டில் மடித்து வைப்பார். தோட்டத்துக் கிணறு வற்றி, ஆழ்குழாய் ஆயிரம் அடியைத் தொட்டு, அதிலும் புகை மட்டும் வந்த ஆண்டில்கூட, "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கறாங்க சாமி" என்பார். 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய செய்திதான் அவர் கடைசியாக வெட்டி வைத்தது. அந்தக் கோடையிலேயே போய்விட்டார்.

2024 ஆகஸ்ட் 17 அன்று திட்டம் தொடங்கியது. ஆயிரத்து நாற்பத்தைந்து குளம் குட்டைகளில் எங்கள் ஊர்க் குட்டையும் ஒன்று. பவானித் தண்ணீர் குழாய் வழியாக வந்து விழுந்த அன்று அமிச்சி அந்த வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். அண்ணன் சொன்னது சத்தியம். பாதிக்கு மேல் கரையான் படித்திருந்தது. மிச்சமிருந்த துண்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டு, வெறுங்காலோடு கரையிறங்கி, ஒரு பித்தளைச் சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து அப்பிச்சியின் படத்துக்கு முன்னால் வைத்தார். கல்யாணச் சீராக வந்த சொம்பு அது. அதன் கழுத்தில் அப்பிச்சியின் பெயர் வெட்டியிருக்கிறது.