சிரிப்புக்கு மறுப்புரை

நேயர்களுக்கு வணக்கம்.

முப்பது வருஷம் பட்டிமன்ற மேடைகளில் பேசியவள் நான். கல்லூரியில் தமிழ் நடத்தியது சம்பளத்துக்கு, பட்டிமன்றம் ஆசைக்கு. மேடையில் நான் பயந்தது ஒரே வகைப் பேச்சாளருக்குத்தான். புள்ளிவிவரம் சொல்கிறவரை மடக்கிவிடலாம். குறள் சொல்கிறவருக்கு இன்னொரு குறள் இருக்கும். சிரிக்க வைக்கிறவரை என்ன செய்வது? கூட்டம் விழுந்து விழுந்து சிரித்து முடித்த பிறகு நீங்கள் எழுந்து, 'நடுவர் அவர்களே, எதிரணியினர் கூறியது உண்மைக்கு மாறானது' என்று ஆரம்பித்தால், கல்யாண வீட்டில் மொய்க் கணக்கு கேட்க வந்தவரைப் பார்ப்பதுபோல எல்லாரும் பார்ப்பார்கள்.

இந்தப் பழைய பயம் எனக்குத் திரும்பி வந்தது அமெரிக்காவில். நியூஜெர்சியில் மகள் வீட்டுக்கு ஆறு மாதம் போயிருந்தேன். வெள்ளிக்கிழமை இரவு பத்து மணி ஆனால் அந்த வீட்டில் சண்டை. மாப்பிள்ளை டிவியைப் போடுவார், கல்லூரியில் படிக்கிற பேத்தி எழுந்து போவாள். போகிறவள் முழுசாகப் போகமாட்டாள். மாடிப்படியில் நின்று ஒரு வார்த்தை எறிந்துவிட்டுப் போவாள். சண்டைக்குக் காரணம் ஒரு நகைச்சுவையாளர். பில் மாஹர் என்று பெயர். அதே நியூஜெர்சியில் ரிவர் வேல் என்ற ஊரில் வளர்ந்தவர். எச்பிஓ சேனலில் 2003 பிப்ரவரியிலிருந்து 'ரியல் டைம்' என்ற நிகழ்ச்சி நடத்துகிறார். மாப்பிள்ளை அமெரிக்கா போனதும் அதே வருஷம்தான். இருவரும் சேர்ந்தே வயதானவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேத்தி சொன்னாள்: "அம்மாச்சி, அந்தாளு முன்னாடி ட்ரம்ப்பைக் கிண்டல் பண்ணாரு. இப்ப எங்களைப் பண்றாரு." மாப்பிள்ளை சொன்னார்: "அத்தை, அவர் மாறல. இவங்கதான் மாறிட்டாங்க." மாஹரும் தன்னைப் பற்றி இதையேதான் சொல்லிக்கொள்கிறார்: நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன், இடதுசாரிகள்தான் நகர்ந்து போய்விட்டார்கள் என்று. சும்மா எதிர்க்கட்சிக்காரர் சொன்னால் தள்ளிவிடலாம். இவர் 2012 தேர்தலில் ஒபாமாவுக்கு ஆதரவான அமைப்புக்குப் பத்து லட்சம் டாலர் கொடுத்தவர். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே சமையலைக் குறை சொல்கிற சொந்த மாமா மாதிரி. தெருவில் போகிறவர் சொன்னால் வலிக்காது, மாமா சொன்னால் வலிக்கும்.

அவர் கேலி செய்வது எதை? இன, பாலின அநீதிகளில் எப்போதும் விழிப்பாக இருக்க வேண்டும் என்கிற முற்போக்குக்காரர்களை. அவர்களுக்கு வைத்த பெயர் 'வோக்'. அந்தச் சொல்லை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இன்றைக்கு அது வசைச்சொல் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அது கருப்பின மக்களின் பேச்சிலிருந்து வந்த சொல். 1931-இல் அலபாமா மாநிலத்தில் ஒன்பது கருப்பினப் பையன்களின் மேல் பொய்யான பாலியல் வழக்கு போட்டார்கள், ஸ்காட்ஸ்பரோ வழக்கு என்பார்கள். அதைப் பற்றிப் பாடிய லெட்பெல்லி என்ற கருப்பினப் பாடகர், 1938-இல் நடந்த ஒலிப்பதிவில், அந்தப் பக்கம் போகிறவர்கள் ஜாக்கிரதையாக இருங்கள், விழித்திருங்கள் என்கிறார். அந்த விழிப்புத்தான் வோக். உயிருக்குப் பயந்து சொன்ன வார்த்தை, எண்பது வருஷத்தில் நகைச்சுவைத் துணுக்குக்கு வந்து சேர்ந்துவிட்டது.

சரி, சண்டைக்கு வருகிறேன். ஒருநாள் இரவு மாப்பிள்ளை ஓர் உதாரணத்தைத் தூக்கிப்போட்டார். சான் பிரான்சிஸ்கோ பள்ளி வாரியம், அதாவது அந்த ஊர் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்க மக்கள் தேர்ந்தெடுக்கிற குழு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு ரொம்பப் பிடித்த கதை இது.

2021 ஜனவரி. கொரோனாவால் அந்த ஊரில் அரசுப் பள்ளிகள் மூடிக் கிடக்கின்றன. பிள்ளைகள் வீட்டில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்போது பள்ளி வாரியம் கூடி, ஆறுக்கு ஒன்று என்ற வாக்கில் ஒரு முடிவு எடுக்கிறது: 44 பள்ளிகளின் பெயரை மாற்றுவது. எந்தெந்தப் பெயர்? வாஷிங்டன், ஜெஃபர்சன், லிங்கன். ஆமாம், அடிமைமுறையை ஒழித்த ஆபிரகாம் லிங்கன்தான். பால் ரெவியர் என்று ஒரு விடுதலைப் போர் வீரர், அவர் பெயரையும் எடுக்க வேண்டுமாம். காரணம், அவர் பங்கெடுத்த பெனாப்ஸ்காட் படையெடுப்பு அந்தப் பெயருள்ள பழங்குடிகளின் நிலத்தைப் பிடிக்கப் போனதாம். உண்மையில் 1779-இல் நடந்த அந்தப் படையெடுப்பு பிரிட்டிஷ்காரர்களின் கோட்டைக்கு எதிரானது. பெயரைப் பார்த்தார்கள், கதையைப் பார்க்கவில்லை.

பூட்டின பள்ளிக்கூடத்துக்குப் பெயர் மாற்றுகிறார்கள். இதைவிட நகைச்சுவையாளருக்கு என்ன வேண்டும்? இலை போட்டு அல்வா வைத்த மாதிரி. மாப்பிள்ளை சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். மறைப்பானேன், நன்றாகவே சிரித்தேன்.

சிரித்து முடித்த பிறகு பேத்தி கேட்டாள்: "லிங்கன் பேரை ஏன் எடுக்கச் சொன்னாங்கன்னு யாருக்காவது தெரியுமா?" எனக்குத் தெரியாது. மாப்பிள்ளைக்கும் தெரியாது. இருபது வருஷத்துக்கு மேலாக அந்த நாட்டில் இருக்கிறார், தெரியாது. அவள்தான் சொன்னாள். 1862-இல் மினசோட்டாவில் டகோட்டா பழங்குடிகளுக்கும் அரசுக்கும் போர். அது முடிந்ததும் ராணுவ விசாரணையில் 303 பேருக்கு மரண தண்டனை. கோப்பு லிங்கனிடம் வருகிறது. அவர் ஒவ்வொரு வழக்காகப் பார்த்துப் பெரும்பாலானவர்களின் தண்டனையைக் குறைத்துவிடுகிறார். மிச்சம் 38 பேர். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், மன்கேட்டோ என்ற ஊரில், 38 பேரும் ஒரே நேரத்தில் தூக்கிலிடப்பட்டார்கள். அமெரிக்க வரலாற்றில் ஒரே நாளில் அவ்வளவு பேரைத் தூக்கிலிட்டது வேறெப்போதும் இல்லை.

இப்போது சொல்லுங்கள். லிங்கன் 265 பேரைக் காப்பாற்றியவரா, 38 பேரைத் தூக்குக்கு அனுப்பியவரா? பட்டிமன்றத் தலைப்பு என்றால் இதல்லவா தலைப்பு! ஒரு மணி நேரம் பேசலாம். ஆனால் 'லிங்கன் பேரையே எடுக்கிறான் பாரு' என்று துணுக்கு முடிந்து, கூட்டம் கைதட்டியபோது, அந்த 38 பேரும் மேடையிலிருந்து இறங்கிப் போய்விட்டார்கள். எடுக்கச் சொன்னவர்களும் அதைச் சரியாக எடுத்துச் சொல்லவில்லை, அது வேறு விஷயம்.

நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறதே, ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று. நகைச்சுவையாளர் செய்வது அதுதான். கரண்டியை விட்டு ஒரு பருக்கை எடுத்து, இதோ பார் குழைந்துவிட்டது என்கிறார். பருக்கை குழைந்திருப்பது நிஜம். நீங்கள் கேட்க வேண்டியது, அந்தப் பருக்கையைப் பானையின் நடுவிலிருந்து எடுத்தாரா, அடிப்பிடித்த இடத்திலிருந்து சுரண்டினாரா என்று. சமைக்கிறவர்களுக்குத் தெரியும், எங்கே கரண்டி விட்டால் என்ன வரும் என்று.

அந்த சான் பிரான்சிஸ்கோ கதையின் பின்பாதியையும் கேளுங்கள். அது துணுக்கில் வராது. ஏப்ரல் மாதமே வாரியம் முடிவைத் திரும்பப் பெற்றது. அடுத்த வருஷம் 2022 பிப்ரவரியில், வாரிய உறுப்பினர்கள் மூன்று பேரை ஊர் மக்களே வாக்களித்துப் பதவியிலிருந்து இறக்கினார்கள், அதுவும் பெரிய வித்தியாசத்தில். யார் அந்த மக்கள்? 2020-இல் நூற்றுக்கு 85 பேர் பைடனுக்குப் போட்ட ஊர். அதாவது முற்போக்கு ஊரே முற்போக்கு வாரியத்தை இறக்கியது. பருக்கை குழைந்தது, பானைக்காரர்களே அடுப்பைக் குறைத்தார்கள்.

இந்த இடத்தில் என் அப்பாவைச் சொல்லாமல் போக முடியவில்லை. 1970 பொங்கலுக்கு 'துக்ளக்' வந்தது. சோ மேடையிலும் சினிமாவிலும் சிரிக்க வைத்தவர், பிறகு பத்திரிகை நடத்தினார். அப்பா கருப்புச் சட்டைக்காரர். சோ எழுதுவதில் ஒரு வரிகூட அவருக்கு ஒத்துவராது. ஆனால் இதழ் வந்த அன்றைக்கே கடையில் நிற்பார். "ஏன்ப்பா காசு குடுத்து வாங்குறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "திட்டணும்ல? படிக்காமத் திட்டுனா அது வசவு, படிச்சிட்டுத் திட்டுனாத்தான் வாதம்" என்றார். பென்சிலால் ஓரத்தில் பதில் எழுதி வைப்பார். யாருக்கும் அனுப்பமாட்டார். என்னுடைய முதல் பட்டிமன்றப் பயிற்சிப் புத்தகம் அந்த ஓரங்கள்தான்.

ஆகவே பேத்தியிடம் நான் சொன்னேன், எழுந்து போகாதே, உட்கார்ந்து கேள், பிறகு வெட்டு. உடனே அவள் 2014-ஐ எடுத்தாள். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு விழாவில் பேச மாஹரை அழைத்திருந்தார்கள். விழாவுக்குச் சில வாரங்கள் முன் இஸ்லாத்தைப் பற்றி அவர் தொலைக்காட்சியில் கடுமையாகப் பேச, நடிகர் பென் அஃப்லெக் அதே மேஜையில் அவரோடு மோதினார். மாணவர்கள் கையெழுத்து வாங்கி, அழைப்பை ரத்து செய்யச் சொன்னார்கள். நிர்வாகம் மறுத்தது, டிசம்பரில் அவர் போய்ப் பேசினார். அந்த மாணவர்களின் கோபத்துக்குக் காரணம் உண்டு. ஒரு மதத்தாரை முழுசாக ஒரே பானையில் போட்டவர் மாஹர். ஆனால் அதே பெர்க்லியில்தான் 1964-இல் மாணவர்கள் பேச்சுரிமைக்காகப் போராடிச் சிறை போனார்கள். சரியாக ஐம்பதாவது ஆண்டில் அதே வளாகத்தில் ஒருவரைப் பேசவிடாதே என்கிறார்கள். மாஹருக்கு இன்னொரு அல்வா.

"சரி அம்மாச்சி, 2001ல அவரோட நிகழ்ச்சியை நிறுத்துனது யாரு, மாணவர்களா?" என்றாள். மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தேன். அது அவருக்கும் தெரிந்த கதைதான். அப்போது ஏபிசி சேனலில் மாஹர் வேறு நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். இரட்டைக் கோபுரம் இடிந்து ஆறாவது நாள். விமானத்தைக் கடத்திக் கோபுரத்தில் மோதிச் செத்தவர்களைக் கோழைகள் என்று சொல்ல முடியாது என்று விருந்தினர் தினேஷ் டிசோசா ஆரம்பித்தார். மாஹர் அதற்கு மேலே போய், இரண்டாயிரம் மைல் தள்ளி நின்று ஏவுகணை வீசிய நாம்தான் கோழைகள் என்றார். ஃபெடெக்ஸ், சியர்ஸ் நிறுவனங்கள் விளம்பரத்தை எடுத்துக்கொண்டன. வெள்ளை மாளிகைச் செய்தித் தொடர்பாளர், அமெரிக்கர்கள் என்ன பேசுகிறோம் என்று பார்த்துப் பேச வேண்டும் என்றார். 2002-இல் நிகழ்ச்சி போயிற்று. வாயை மூடு என்று சொல்வது முற்போக்காளர்களின் கண்டுபிடிப்பு என்று யார் சொன்னாலும், மாஹர் சொல்லக்கூடாது. அவருக்குத் தெரியும்.

நேரம் ஓடுகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி ஐந்து விரல் காட்டுகிறார்.

மாஹர் சொன்னதில் எனக்கு மறுக்கக் கஷ்டமாக இருந்தது ஒன்று. 2021-இல் ஒரு நிகழ்ச்சியின் கடைசியில் சொன்னார்: முற்போக்காளர்களுக்கு முன்னேற்றம் என்றாலே அலர்ஜி, நாடு எவ்வளவு மாறியிருக்கிறது என்று ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள். இதற்கு ஆதாரமும் இருக்கிறது. காலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் கருப்பர் வெள்ளையர் கல்யாணத்தை 1958-இல் ஏற்றுக்கொண்டவர்கள் நூற்றுக்கு 4 பேர். 2021-இல் 94 பேர். நாலிலிருந்து தொண்ணூற்று நாலு! மாப்பிள்ளை இதைச் சொன்னபோது நான் மனசுக்குள் மதிப்பெண் போட்டுவிட்டேன்.

பேத்தி மாடிப்படியிலிருந்து இறங்கி வந்து உட்கார்ந்தாள். முதல் தடவையாக உட்கார்ந்தாள். "அந்த நாலு தொண்ணூத்தி நாலா மாறினது யாரால? சும்மா வீட்ல உக்காந்து சிரிச்சவங்களாலயா? அன்னைக்குக் கேஸ் போட்டவங்களையும் இப்படித்தானே கிண்டல் பண்ணியிருப்பாங்க?" மாப்பிள்ளை பதில் சொல்லவில்லை. தோசைக்குச் சட்னி போட்டுக்கொண்டார். 1967-இல் உச்ச நீதிமன்றம் கலப்பின மணத் தடையை நீக்கியபோது பதினாறு மாநிலங்களில் அந்தத் தடை சட்டமாக இருந்தது. அன்று அந்த வழக்கை நடத்தியவர்கள் ஊருக்குத் தொந்தரவுக்காரர்கள்தான்.

மாஹரின் மேடையில் ஒரு கோளாறு இருக்கிறது, பட்டிமன்றக்காரியாக இதைச் சொல்லியாக வேண்டும். கடைசி ஐந்தாறு நிமிடம் 'புதிய விதிகள்' என்று அவர் தனியாகப் பேசுவார். விருந்தினர்கள் மேஜையிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள், குறுக்கே பேசமாட்டார்கள். நம் மேடையில் கடைசிப் பேச்சு நடுவருக்கு. அங்கே நடுவரே ஒரு கட்சி. பேத்தி மாதிரி ஒருத்தி அந்த நேரத்தில் மேஜையில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருமுறை கிட்டத்தட்ட அப்படி நடந்தது. 2017-இல், கருப்பினத்தவரை இழிவாகச் சொல்கிற சொல்லைத் தன்னைக் குறித்தே விளையாட்டாகச் சொல்லிவிட்டு, மன்னிப்புக் கேட்டார். அடுத்த வாரம் ஐஸ் க்யூப் என்ற கருப்பினக் கலைஞர் நேராக வந்து உட்கார்ந்து, அந்தச் சொல் இப்போது எங்களுடையது, திருப்பித் தரமாட்டோம் என்றார். மாஹர் கேட்டுக்கொண்டார். அதைப் பற்றித்தான் இன்றைக்கு நிறையச் சொல்ல வந்தேன்.

இரண்டு விரல் காட்டுகிறார். 2025-இல் மாஹர் ட்ரம்ப்போடு விருந்து சாப்பிட்டுவிட்டு வந்து, நேரில் பண்பானவர் என்றதும், லாரி டேவிட் என்ற இன்னொரு நகைச்சுவையாளர் ஹிட்லரோடு விருந்து சாப்பிட்ட மாதிரி ஒரு கற்பனைக் கட்டுரை எழுதினார். பெயர் ஒன்றும் குறிப்பிடவில்லை, எல்லாருக்கும் புரிந்தது. சிரிப்புக்குச் சிரிப்பாலேயே மறுப்புரை. என் முப்பது வருஷப் பயத்துக்கு விடை அங்கே இருந்தது, விரிவாகச் சொல்ல இடமில்லை.

ஊருக்குக் கிளம்புகிற அன்று பேத்தி கேட்டாள், "நடுவரா இருந்தா யார் பக்கம் தீர்ப்பு சொல்வீங்க அம்மாச்சி?" கடைசி நான்கு நிமிடத்தைத் தீர்ப்புக்கென்றே ஒதுக்கி எழுதி எடுத்து வந்திருந்தேன். அது லிங்கனுக்குப் போய்விட்டது. வணக்கம்.